1,732-லிருந்து 880-க்கு: ஆலி கார்டனின் சீசனை எங்கே தப்பாகக் கணித்தோம்?

ஆரஞ்சுக்கரை

அமெரிக்கக் கல்லூரி கால்பந்து, ஓக்லஹோமா ஸ்டேட்டின் ரன்னிங் பேக் (பந்தை வாங்கி ஓடுகிறவர்) ஆலி கார்டன். 2023-ல் 285 கேரி (பந்தோடு ஓடிய தடவை), 1,732 யார்டு, 21 டச்டவுன் (எதிரணியின் கோல் கோட்டைத் தொட்டது), சிறந்த ரன்னிங் பேக்குக்கான டோக் வாக்கர் விருது. 2024-ல் 190 கேரி, 880 யார்டு. ஓக்லஹோமா ஸ்டேட்டுக்கு 3 வெற்றி, 9 தோல்வி. அது ஆடும் பிக் 12 லீகில் ஒரு வெற்றிகூட இல்லை. அந்த ஆகஸ்டில் நாம் எல்லோரும் கார்டனை ஹைஸ்மன் (சீசனின் சிறந்த வீரர் விருது) பேச்சில் வைத்திருந்தோம்.

இன்னமும் உறுத்துவது அர்கன்சாஸ் மேட்ச். முந்தின வாரம் சவுத் டகோட்டா ஸ்டேட்டுடன் 28 கேரி, 126 யார்டு, 3 டச்டவுன். மூன்று டச்டவுனைப் பார்த்து எல்லோரும் நிம்மதியாகிவிட்டோம். வகுத்துப் பார்த்திருந்தால் கேரிக்கு 4.5 என்று தெரிந்திருக்கும். எதிரணி இரண்டு வருடம் தொடர்ந்து எஃப்சிஎஸ் சாம்பியன்தான், ஆனாலும் அது எஃப்சிஎஸ், ஒரு படி கீழுள்ள பிரிவு. அடுத்த வாரம் அர்கன்சாஸ் வந்தது: 17 கேரி, 49 யார்டு. ஹேண்ட்-ஆஃப் (கையில் தரும் பந்து) வாங்கி இரண்டாவது அடி வைப்பதற்குள் ஒரு லைன்பேக்கர் (தடுப்பின் இரண்டாம் வரிசை ஆள்) எதிரே நிற்கிறார். திரும்பத் திரும்ப அதே காட்சி. 39-31 என்று இரண்டு ஓவர்டைமில் ஜெயித்துவிட்டதால் அதை யாரும் பேசவில்லை. யூட்டா வந்தபோது 11 கேரி, 42 யார்டு, தோல்வி.

லைனில் (முன்னால் நின்று வழி திறக்கும் வரிசை) பெரும்பாலும் அதே ஆட்கள். குவார்ட்டர்பேக்கும் (பந்தை முதலில் வாங்கி ஆட்டத்தை நடத்துகிறவர்) அதே போமன். பிறகு எது மாறியது? இதேபோல் ஒரு ரன்னிங் பேக்கின் சீசன் எந்த மேட்சில், எந்தக் கேரியில் திரும்பியது என்று கவனித்தவர்கள் எழுதுங்கள்.

நீலத்தரை

பாய்சி ஸ்டேட்டின் ஜென்ட்டி, பென் ஸ்டேட்டுடன் ஃபியெஸ்டா பௌல் (பௌல் என்பது சீசன் முடிவில் வரும் மேட்ச்), 2024 டிசம்பர் 31. சீசனை 267 யார்டு, 6 டச்டவுனோடு தொடங்கியவர் உள்ளே வரும்போது 2,497-ல் இருந்தார். பாரி சாண்டர்ஸின் ஒரு சீசன் சாதனையான 2,628-ஐத் தாண்ட 132 போதும். அதுவரை 344 கேரிக்குச் சராசரி 7.3. அன்றைக்குக் கிடைத்தது 30 கேரியில் 104. மொத்தம் 2,601, சாதனையைத் தாண்ட 28 யார்டு குறைவு.

பென் ஸ்டேட் பெரிய வித்தை எதுவும் செய்யவில்லை. பக்கவாட்டு எண்டுகள் (தடுப்பு முன்வரிசையின் ஓர ஆட்கள்) இரண்டு பேரும் முன்னே பாயாமல் டேக்கிளின் (பாய்சி லைனின் ஓர ஆள்) தோளோடு ஒட்டி நின்று வெளிவழியை அடைத்தார்கள். உள்ளே வந்தவரை ஒருவர் பிடித்துத் தொங்க, அடுத்த இருவர் வந்து முடித்தார்கள். ஜென்ட்டியின் யார்டில் பெரும்பகுதி முதல் ஆள் தொட்டபிறகு வருவது. முதல் ஆளை உதறியதும் இரண்டாவது ஆள் அங்கேயே இருந்தால் அந்த யார்டு இல்லை, அவ்வளவுதான். முதல் குவார்ட்டரிலேயே 14-0 ஆகிவிட்டதால் பாய்சி ஸ்டேட்டால் பொறுமையாக ஓடிக்கொண்டிருக்கவும் முடியவில்லை.

374 கேரி ஒரு சீசனுக்கு ரொம்ப அதிகம். கார்டனுக்கும் அதுதான் நடந்தது. 285 கேரியின் வலி அடுத்த வருடம் தெரிந்தது.

யார்டுகணக்கு

நீலத்தரை, கடைசி வரி சரியில்லை. பாய்சியின் லீகான மவுண்டன் வெஸ்ட் ஃபைனல் டிசம்பர் 6. அதில் ஜென்ட்டிக்கு யுஎன்எல்வியுடன் 32 கேரி, 209 யார்டு. அடுத்து ஃபியெஸ்டா பௌலுக்கு 25 நாள் ஓய்வு. களைப்பு காரணமென்றால் டிசம்பர் 6-ல் தெரிந்திருக்க வேண்டும், 31-ல் அல்ல. மாறியது எதிரணி.

2015-ல் அலபாமாவின் டெரிக் ஹென்றி ஆபர்னுடன் 46 கேரி ஓடினார், 271 யார்டு. ஏழு நாள் கழித்து ஃப்ளோரிடாவுடன் 44 கேரி, 189 யார்டு. சீசன் மொத்தம் 395 கேரி. அதில் கடைசியாக, கிளெம்சனுடன் சாம்பியன்ஷிப் மேட்சில் 36 கேரி, 158 யார்டு, மூன்று டச்டவுன். அதில் ஒன்று 50 யார்டு ஓட்டம்.

"அடுத்த வருட வீழ்ச்சி" என்று எப்போதும் இழுத்துவரப்படுவது ஸ்டான்ஃபோர்டின் மெக்காஃப்ரி. 2015-ல் 337 கேரி, 2,019 யார்டு. 2016-ல் 253 கேரி, 1,603. நானூறு யார்டு காணாமல் போனதுபோல் தெரியும். ஆனால் முதல் வருடம் 14 மேட்ச், இரண்டாம் வருடம் 11. ஒரு மேட்சைக் காயத்தால் விட்டார், பௌல் மேட்சில் இறங்கவில்லை. மேட்சுக்கு 144.2 யார்டாக இருந்தது 145.7 ஆனது. கேரிக்கு 6.0 என்பது 6.3 ஆனது. வீழ்ச்சியே இல்லை!

சீசன் மொத்தத்தை வைத்து வாதாடாதீர்கள். முதலில் மேட்ச் எண்ணிக்கையால் வகுங்கள், பிறகு கேரியால். இரண்டும் விழுந்தால்தான் ரன்னிங் பேக் விழுந்தார். கார்டனுக்கு இரண்டுமே விழுந்தன: கேரிக்கு 6.1 என்பது 4.6. ஆகவே ஆரஞ்சுக்கரையின் கேள்வி நியாயமானது, நீலத்தரையின் பதில்தான் அதற்குப் பொருந்தவில்லை.

நீலத்தரை

ஹென்றியின் உடல்வாகு வேறு. 6 அடி 3 அங்குலம், 240 பவுண்டுக்கு மேல். அவரை வைத்து மற்றவர்களை அளக்கக்கூடாது. எதிரணிதான் மாறியது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சாதனை பற்றியும் ஒன்று: சாண்டர்ஸின் 2,628 என்பது 11 மேட்சில் வந்தது. 2002-க்கு முன் பௌல் மேட்ச் யார்டைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஹாலிடே பௌலில் ஓடிய 222-ஐச் சேர்த்தால் 2,850. ஜென்ட்டி 14 மேட்ச் ஆடினார். 28 யார்டில் தவறவிட்டதற்காக அழுகிறவர்கள் இதையும் பார்க்க வேண்டும். பாய்சி ரசிகர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

நேலண்டு15

நிக் சப். 2015 அக்டோபர் 10, நேலண்டு ஸ்டேடியம், ஜார்ஜியாவின் முதல் ப்ளே. பக்கவாட்டுக் கோட்டருகே பிடிபட்டு விழும்போது இடது கால் தரையில் ஊன்றியபடியே முழங்கால் உள்ளே மடங்கியது. அதுவரை 92 கேரி, 747 யார்டு, சராசரி 8.1. கேரி எண்ணிக்கையா காரணம்? சீசனின் நடுப்பகுதியைக்கூட அவர் தாண்டவில்லை.

நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த வருடத்தை. 2016 தொடக்க மேட்ச், நார்த் கரோலினாவுடன் 32 கேரி, 222 யார்டு. முழங்கால் முழுசாகச் சரியாகிவிட்டது என்று அன்றே எல்லோரும் முடிவு கட்டினார்கள். சீசன் முடிந்தபோது 224 கேரி, 1,130 யார்டு, சராசரி 5.0. 2014-ல் ஏறக்குறைய அதே கேரிக்கு 1,547 யார்டு, 7.1. முழங்கால் தசைநார் கிழிந்து திரும்புகிறவருக்கு நேர் ஓட்டம் முதலில் வந்துவிடும். முழு வேகத்தில் ஒரு காலை ஊன்றி எதிர்ப்பக்கம் திரும்புவதுதான் கடைசியாக வரும். தொடக்க மேட்சில் பெரிய இடைவெளி கிடைத்தால் இந்தக் குறை தெரியாது. இடைவெளி சுருங்கும் மேட்சில் தெரியும்.

ஸோன்பார்வை

எல்லோரும் எண்களையே சுற்றுகிறீர்கள். யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன்: ரன்னிங் பேக்கின் சீசனை முதல் மூன்று மேட்சில் கண்டுபிடிக்க முடியும், அதற்குப் பார்க்கும் முறை இருக்கிறது.

ஸ்னாப்புக்கு (பந்து ஆட்டத்துக்கு வரும் கணம்) முன் பாக்ஸை எண்ணுங்கள். டேக்கிளிலிருந்து டேக்கிள் வரை, ஏறத்தாழ ஐந்து யார்டு ஆழத்துக்குள் எத்தனை தடுப்பாளர்கள்? ஒரு டைட் எண்ட் (லைன் ஓரத்தில் நின்று ப்ளாக்கும் செய்பவர்), மூன்று ரிசீவர் (பாஸ் பிடிப்பவர்) வைத்து ஆடும்போது உங்களிடம் ஆறு ப்ளாக்கர். ஆறு பேர் பாக்ஸில் இருந்தால் ஓடியே ஆகணும். ஏழு இருந்தால் ஒருவரைக் குவார்ட்டர்பேக் கண்ணால் கட்டிப்போட வேண்டும், அதாவது அவர் பந்தைத் தானே வைத்துக்கொண்டு ஓடுவார் என்ற பயமாவது அந்த எண்டுக்கு இருக்க வேண்டும். எட்டு பேர் வந்தால் ஒருவர் எப்போதும் ப்ளாக் செய்யப்படாமல் வருவார். அந்த ஒருவரைத்தான் ஆரஞ்சுக்கரை அர்கன்சாஸ் மேட்சில் பார்த்திருக்கிறார். போமன் ஓடுகிற குவார்ட்டர்பேக் அல்ல. எண்டு அவரைக் கவனிக்கத் தேவையே இல்லாமல் நேரே கார்டன் மேல் பாயலாம். 2023-ல் கார்டன் யாரென்று பாதி சீசன் வரை எதிரணிகளுக்குத் தெரியாது. முதல் மூன்று மேட்ச் சேர்த்தே அவருக்கு 19 கேரிதான். சவுத் அலபாமாவிடம் 33-7 தோற்றபிறகுதான் மூன்று குவார்ட்டர்பேக் சுழற்சியை விட்டுவிட்டுப் பந்தை அவர் கையில் கொடுத்தார்கள். 2024-ல் முதல் நாளிலிருந்தே எதிரணியின் திட்டம் அவர் ஒருவர்தான்.

அடுத்தது இன்சைட் ஸோனில் (லைன் முழுவதும் ஒரே பக்கம் நகரும் உள்வழி ஓட்டம்) ரன்னிங் பேக்கின் கண். பந்தை வாங்கியதும் சென்டருக்குப் பக்கத்தில் எதிரணியின் முதல் லைன்மேன் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று பார்க்கிறார். அவர் வெளியே போனால் உள்ளே வெட்டலாம், உள்ளே வந்தால் வெளியே. ஆனால் முடிவை உடனே எடுக்கக்கூடாது. தன் லைன்மேன்களின் குதிகால் வரை நெருங்கிப் போக வேண்டும். அப்போதுதான் பின்னால் நிற்கும் லைன்பேக்கர் ஒரு இடைவெளிக்குள் இறங்குவார், அவர் இறங்கியதும் பக்கத்து வழி திறக்கும். லைன் மேல் நம்பிக்கை போன ரன்னிங் பேக் மூன்றாவது அடியிலேயே வெளியே தாவுவார். ஒன்றிரண்டு தடவை அது 15 யார்டு கொடுக்கும், மற்ற நேரமெல்லாம் இரண்டு யார்டு நஷ்டம். இதைப் பார்த்தாலே சீசன் சரிகிறது என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது, ஒவ்வொரு கேரியும் வேலை செய்ததா என்று குறித்துக்கொள்ளுங்கள். பத்து யார்டு எடுக்க நான்கு டவுன், அதாவது நான்கு முயற்சி. முதல் டவுனில் தேவையானதில் பாதி, இரண்டாம் டவுனில் எழுபது சதவீதம், மூன்றிலும் நான்கிலும் முழுவதும். 20 கேரியில் ஒன்பது பத்து தேறினால் நல்ல நாள். 20 கேரி, 100 யார்டு என்று பலகையில் போடுவார்கள். அதில் 60 ஒரே ஓட்டம் என்றால் மீதி 19 கேரிக்கு 40. அந்த அணி பாதி நேரம் மூன்றாம் டவுன், எட்டு யார்டில் மாட்டிக்கொண்டிருக்கும்.

பந்தைப் பிடிக்கும் விதத்தையும் விடாதீர்கள். விரல்கள் பந்தின் முனையை மூட வேண்டும். விரல், உள்ளங்கை, முன்கை, மேற்கைத் தசை, விலா என ஐந்து இடத்தில் அழுத்தம் வேண்டும். பந்து பக்கவாட்டுக் கோட்டுப் பக்கத்துக் கையில் இருக்க வேண்டும். ஜோனதன் டெய்லர் விஸ்கான்சினில் மூன்று சீசனில் 6,174 யார்டு ஓடினார், மாபெரும் வீரர். ஆனால் 18 ஃபம்பிள் (பந்தை நழுவவிட்டது), அதில் 15 எதிரணிக்குப் போனது. பெரும்பாலும் கூட்டத்துக்குள் ஒரு யார்டு கூடுதலாக நீட்டும்போது முழங்கை உடலைவிட்டு விலகிவிடும். உறுதியாக நிற்கும் லைன்பேக்கர் ஆளை அடிக்க மாட்டார், அந்த முழங்கையைத்தான் அடிப்பார்.

ஆரஞ்சுக்கரை

ஸோன்பார்வை சொல்வது பாக்ஸ் விஷயத்தில் சரி. ஆனால் எதிரணிக்குத் தெரியாமல்தான் ஓடினார் என்பதை ஏற்க மாட்டேன். 2023 அக்டோபர் 21-ல் வெஸ்ட் வர்ஜீனியாவுடன் 282, அடுத்த வாரம் சின்சினாட்டியுடன் 271. அதற்கு அடுத்த வாரம் பெட்லம், அதாவது ஓக்லஹோமாவுடனான பரம்பரைப் போட்டி. ஓக்லஹோமாவுக்கு அவர் யாரென்று நன்றாகவே தெரியும், அப்படியும் 33 கேரி, 137 யார்டு, 27-24 வெற்றி. பிஒய்யுவுடன் இரண்டாம் ஓவர்டைம் வரை போய் 34 கேரி, 166 யார்டு, ஐந்து டச்டவுன். நவம்பர் கடைசியில் யாருக்குத்தான் தெரியாது?

யார்டுகணக்கு

அதே நவம்பரில் யுசிஎஃப் மேட்சையும் சொல்லுங்கள். 12 கேரி, 25 யார்டு, 45-3 தோல்வி. பிக் 12 ஃபைனலில் டெக்ஸஸுடன் 13 கேரி, 34 யார்டு. 2024-ன் முன்னோட்டம் 2023-லேயே இருந்தது: ஸ்கோரில் பின்தங்கினால் கேரி பாதியாகக் குறையும், முன்வரிசை வலுவான அணி வந்தால் சராசரி மூன்றுக்குக் கீழே போகும். நாம் 282-ஐ மட்டும் நினைவில் வைத்துக்கொண்டோம்.

தங்கத்தலைக்கவசம்

நோட்ரடாமின் ஜெரமையா லவ், 98 யார்டு. 2024 டிசம்பர் 20, இண்டியானாவுடன். ஸேவியர் வாட்ஸ் இண்டர்செப்ட் செய்த (எதிரணி பாஸை நடுவில் பறித்த) பந்து நோட்ரடாமின் 2 யார்டு கோட்டில் நிற்கிறது. அங்கிருந்து வலது பக்கம் ஒரே வெட்டு, பிறகு யாரும் தொடவில்லை. எல்லோருக்கும் அது நினைவிருக்கும். எனக்கு மறக்காதது ஆரஞ்சு பௌலில் பென் ஸ்டேட்டுடன் ஓடிய 2 யார்டு. முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு, பின்களத்திலேயே பிடிபட்டும் விழாமல், கடைசியில் பந்தை நீட்டிக் கோட்டைத் தொட்டார். ஃபியெஸ்டா பௌலில் ஜென்ட்டியைக் கட்டிப்போட்ட அதே முன்வரிசை அது.

2025 தொடக்கத்தில் மயாமியில் 10 கேரி, 33 யார்டு, 27-24 தோல்வி. "லவ் அவ்வளவுதான்" என்று அன்றிரவே எழுதினார்கள். பத்து கேரியை வைத்து என்ன சொல்ல முடியும்? புதிய குவார்ட்டர்பேக், எதிரணி பாக்ஸை நிரப்பியது, ரன்னைச் சீக்கிரம் கைவிட்டார்கள். சீசன் முடிவில் 199 கேரி, 1,372 யார்டு, 18 டச்டவுன், டோக் வாக்கர் விருது. யுஎஸ்சியுடன் மட்டும் 24 கேரியில் 228. கேரிக்கு 6.9. அதற்கு முந்தைய வருடம் 163 கேரி, 1,125 யார்டு, அதுவும் 6.9. ஆள் மாறவில்லை, கொடுத்த பந்து 36 கூடியது.

ஸ்கார்லெட்கிரே

ஒருவருக்கே 300 கேரி என்பதே இப்போது தேவையா? 12 அணி ப்ளேஆஃப் வந்தபிறகு ஓஹையோ ஸ்டேட் 2024-ல் 16 மேட்ச் ஆடியது. ஜட்கின்ஸ் 194 கேரி, 1,060 யார்டு. ஹெண்டர்சன் 144 கேரி, 1,016 யார்டு. இருவரும் ஆயிரம் தாண்டினார்கள், கோப்பையும் வந்தது.

காட்டன் பௌலில் டெக்ஸஸ் 7-7 என்று சமன் செய்து, பாதி ஆட்டம் முடிய அரை நிமிடம்கூட இல்லை. முதல் ப்ளே ஸ்கிரீன் (பாய்ந்து வருகிறவர்களை உள்ளே விட்டு அவர்களுக்குப் பின்னால் போடும் குறும்பாஸ்), ஹெண்டர்சன் 75 யார்டு. அந்த ஸ்கிரீன் ஏன் பலித்தது என்றால், அவர் பாஸ் ப்ளாக்கிங்கில் உண்மையாகவே நின்று அடிப்பவர். ப்ளிட்ஸ் (குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்வது) வரும் லைன்பேக்கரின் உள்தோளில் மோதி, குவார்ட்டர்பேக்குக்கும் அவருக்கும் நடுவில் உடலை வைப்பார். வழக்கமாக ப்ளாக் செய்பவர் நழுவிப்போய்ப் பந்தை வாங்கும்போது எதிரணி ஒரு விநாடி ஏமாறும். ப்ளாக் செய்யத் தெரியாதவர் மூன்றாம் டவுனில் வெளியே உட்காருவார், அவர் உள்ளே வந்தாலே ஓட்டம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

நேலண்டு15

ஸ்கார்லெட்கிரே, ஓக்லஹோமா ஸ்டேட்டில் இரண்டாவது ஹெண்டர்சன் யார்? பங்கு போட இன்னொருவர் அதே தரத்தில் வேண்டும்.

ஆரஞ்சுக்கரை

அதுதான். கார்டன் 2025 டிராஃப்டில் (தொழில்முறை அணிகள் வீரர்களைத் தேர்ந்தெடுப்பது) ஆறாம் சுற்றில், 179-வது ஆளாக மயாமி டால்ஃபின்ஸுக்குப் போனார். விருது வாங்கிய 2023-க்குப் பிறகே கிளம்ப வழியில்லை, அப்போது அவர் இரண்டாம் ஆண்டு மாணவர். யுசிஎஃப் மேட்சையும் டெக்ஸஸ் மேட்சையும் மறுபடி பார்த்து, ஒவ்வொரு கேரிக்கும் பாக்ஸ் எண்ணிக்கையை இங்கே போடுகிறேன். அர்கன்சாஸ் மேட்சை யாராவது எடுத்துக்கொள்ள முடியுமா? 17 கேரிதான்.