பங்குச் சந்தையையும் மந்தநிலையையும் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு எப்படிப் புரிய வைப்பது?

கரும்பலகை எழுதியது:

அரசு மேல்நிலைப் பள்ளியில் ப்ளஸ் டூவுக்கு வணிகவியல் எடுக்கிறேன். இப்போது நிதிச் சந்தைப் பாடம் ஓடிக்கொண்டிருக்கிறது. முதல்நிலைச் சந்தை (பங்கை முதன்முறை பொதுமக்களுக்கு விற்பது) என்றால் என்ன, இரண்டாம்நிலைச் சந்தை (அதன் பிறகு மக்கள் தங்களுக்குள் வாங்கி விற்பது) என்றால் என்ன, சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியின் பணிகள் யாவை என்று கேட்டால் பிசகாமல் எழுதிவிடுவார்கள். ஆனால் போன வாரம், "காலையில் 100 ரூபாயாக இருந்த பங்கு சாயங்காலம் 104 ஆகிவிட்டது, ஆக்கியது யார்?" என்று கேட்டேன், வகுப்பே அமைதியாகிவிட்டது. கம்பெனி முதலாளி என்றான் ஒருவன், அரசாங்கம் என்றாள் இன்னொருத்தி.

அதைவிட என்னை உறுத்துவது வேறு. சந்தை சரிந்தால் மந்தநிலை (நாட்டின் உற்பத்தியும் வேலையும் சுருங்கும் காலம்) வந்துவிட்டது, ஏறினால் நாடு நன்றாக இருக்கிறது என்றுதான் எல்லாருமே நினைக்கிறார்கள். பெரிய கம்பெனிப் பங்குகளின் விலைக் குறியீடான சென்செக்ஸ் சிவப்பில் ஓடுகிற டிவியைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. மந்தநிலை ஏன் வருகிறது என்று கேட்டால் "பணம் இல்லாமல் போய்விடும்" என்கிறார்கள். எங்கே போய்விடும் என்று கேட்டால் பதில் இல்லை.

சக ஆசிரியர் ஒருவர், செல்போன் செயலியில் பொய்ப்பணம் வைத்துப் பங்கு வாங்கி விற்கும் போட்டி நடத்துங்கள், ஒரு மாதத்தில் அதிகம் சம்பாதித்தவருக்குப் பரிசு கொடுங்கள் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. கையில் இருப்பது நாலைந்து பீரியட், ஒரு போர்டு, சாக்பீஸ், நாற்பது பிள்ளைகள். யாராவது வகுப்பில் செய்து பார்த்த வழி இருந்தால் சொல்லுங்கள்.

---

தலால்தெரு எழுதியது:

டீச்சர், அந்தப் போட்டியை நடத்தாதீர்கள். ஒரு மாதத்தில் முதலிடம் வர வேண்டுமென்றால் பிள்ளை என்ன செய்யும்? இருப்பதிலேயே அதிகம் துள்ளுகிற பங்கு ஒன்றில் மொத்தப் பணத்தையும் போடும். தோற்றால் இழப்பதற்கு ஒன்றுமில்லை, ஜெயித்தால் பரிசு. முதலீட்டில் எதைச் செய்யக் கூடாதோ அதையே கைதட்டிக் கற்றுக்கொடுத்ததாகிவிடும். எஃப் அண்ட் ஓவில் (பங்கின் நாளைய விலையை வைத்து ஒப்பந்தம் போடும் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வியாபாரம்) இறங்கிய தனிநபர்களைப் பற்றி 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வை வகுப்பில் வாசித்துக் காட்டுங்கள். 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் அவர்களில் 93 சதவீதம் பேருக்கு நட்டம், மொத்தமாக 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். அதே வருடம் மே மாதத்திலேயே, நிகழ்நேர விலைகளை இந்த மாதிரி விர்ச்சுவல் டிரேடிங் விளையாட்டுகளுக்குத் தரக் கூடாது என்று செபி உத்தரவும் போட்டுவிட்டது.

விலையை யார் வைக்கிறார்கள் என்பதற்குச் செயலியே வேண்டாம், போர்டு போதும். நான் ஒரு புரோக்கிங் ஆபீஸில் டீலராக இருந்தவன், புதிதாக வருகிறவர்களுக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுப்போம். போர்டை இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் வாங்குகிறவர்கள், வலப்பக்கம் விற்கிறவர்கள். பத்துப் பிள்ளைகளிடம் ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுத்து இது ஒரு பங்கு என்று சொல்லுங்கள், இன்னொரு பத்துப் பேருக்கு டோக்கன் கொடுங்கள். 99க்கு வாங்குகிறேன், 100க்கு வாங்குகிறேன், 103க்குக் குறைந்து தரமாட்டேன் என்று அவரவர் கத்தக் கத்த நீங்கள் எழுதிக்கொண்டே வாருங்கள். வாங்குகிறவர் சொன்ன உச்ச விலையும் விற்கிறவர் சொன்ன அடிமட்ட விலையும் சந்திக்கிற வரை வியாபாரமே நடக்காது. யாராவது ஒருவர் பொறுமை இழந்து மற்றவர் விலைக்கு ஒத்துக்கொண்டால் அதுதான் அடுத்த "விலை". டிவியில் ஓடுவது கடைசியாக இருவர் ஒத்துக்கொண்ட எண், அவ்வளவுதான். நடுவில் திடீரென்று "இந்தக் கம்பெனிக்குப் பெரிய ஆர்டர் கிடைத்திருக்கிறது" என்று ஒரு செய்தி வாசியுங்கள். ஒரு வியாபாரமும் நடப்பதற்கு முன்பே 100, 101 எல்லாம் போர்டிலிருந்து அழிந்து 108, 110 என்று ஏறிவிடும். முதலாளியும் வரவில்லை, அரசாங்கமும் வரவில்லை என்று பிள்ளைகளே சொல்வார்கள்.

முதல்நிலை, இரண்டாம்நிலை வித்தியாசத்துக்கு எல்.ஐ.சி. நல்ல உதாரணம், எந்த வீட்டிலும் தெரிந்த பெயர். 2022 மே மாதம் ஒரு பங்கு 949 ரூபாய் என்று வெளியிட்டு ஏறக்குறைய 21,000 கோடி திரட்டினார்கள். அந்தப் பணம் யாருக்குப் போனது என்று கேளுங்கள். எல்.ஐ.சி.க்கு என்பார்கள். புதுப் பங்கு வெளியிட்டிருந்தால் அப்படித்தான் போயிருக்கும். ஆனால் இங்கே அரசு தன் கையில் இருந்த பங்கில் 3.5 சதவீதத்தை விற்றது, பணம் முழுக்க அரசுக்கு. மே 17 அன்று பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டபோதே வெளியீட்டு விலைக்குக் கீழேதான் வியாபாரம் தொடங்கியது. அன்றைக்கு ஒருவர் விற்று இன்னொருவர் வாங்கிய பணத்தில் எல்.ஐ.சி.க்கும் காசு இல்லை, அரசுக்கும் காசு இல்லை.

இன்னொன்று, விலை பெரிதாக இருந்தால் கம்பெனி பெரிது என்று நினைப்பார்கள். நம்ம ஊர் எம்.ஆர்.எஃப். பங்கு 2023 ஜூனில் ஒரு லட்சத்தைத் தாண்டியது, டி.சி.எஸ். அப்போது மூவாயிரத்துச் சொச்சம். ஆனால் எம்.ஆர்.எஃப்.பில் இருப்பது 42 லட்சம் பங்குகள்தான், டி.சி.எஸ்.ஸில் 360 கோடிக்கும் மேல். பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், விடையைப் பார்த்ததும் வாயடைத்துப் போவார்கள்.

நேரம் இருந்தால் ஒரு ஆட்டம் சொல்கிறேன், பொருளியலுக்கு நோபல் வாங்கிய வெர்னன் ஸ்மித் 1980களில் ஆய்வகத்தில் செய்த சோதனையின் எளிய வடிவம். ஒவ்வொரு சீட்டுக்கும் ஒவ்வொரு சுற்று முடிவிலும் 10 டோக்கன் டிவிடெண்ட் (லாபப் பங்கு), ஐந்து சுற்றுக்குப் பிறகு சீட்டு செல்லாது. அப்படியென்றால் தொடக்கத்தில் அதன் மதிப்பு 50, ஒரு சுற்று முடிந்ததும் 40, கடைசிச் சுற்றில் 10. கணக்கு எல்லாருக்கும் தெரியும், போர்டிலேயே எழுதியும் வைக்கலாம். அப்படியும் நடுச் சுற்றுகளில் விலை மதிப்பைத் தாண்டி ஏறும், கடைசியில் தடாலென்று விழும். ஸ்மித்தின் சோதனையில் திரும்பத் திரும்ப இதுதான் நடந்தது, அதே ஆட்கள் மூன்றாவது முறை ஆடும்போதுதான் பெரும்பாலும் அடங்கியது. ஏன் அவ்வளவு கொடுத்து வாங்கினாய் என்று கேளுங்கள். "இன்னொருத்தன் இன்னும் அதிகமாக வாங்குவான் என்று நினைத்தேன்" என்று ஒரு பிள்ளையாவது சொல்லும். அந்தப் பதிலைப் போர்டில் எழுதி வையுங்கள்.

---

நடுப்பெஞ்சு எழுதியது:

மேலே சொன்ன சந்தைப் பாடத்தோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கரும்பலகை டீச்சர் கேட்ட இரண்டாவது கேள்விதான் கனமானது, அதைச் சந்தைப் பாடத்தின் வாலாக வைக்கவே கூடாது, தனி நாளில் எடுங்கள். கல்லூரியில் பொருளியல் எடுக்கிறேன், முதலாமாண்டு வருகிற பிள்ளைகள் இந்த இரண்டையும் ஒட்டவைத்துக்கொண்டேதான் வருகிறார்கள், பிரிப்பதற்கு ஒரு செமஸ்டர் ஆகிறது.

மந்தநிலைக்கு நான் பயன்படுத்துவது ஒரு உண்மைச் சம்பவம். 1970களில் வாஷிங்டனில் சுமார் 150 தம்பதிகள் ஒரு கூட்டுறவு வைத்திருந்தார்கள். ஒருவர் வெளியே போனால் இன்னொருவர் அவர் குழந்தையைப் பார்த்துக்கொள்வார், கூலி அரைமணி நேரத்துக்கு ஒரு கூப்பன். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று எல்லாரும் கூப்பனைச் சேர்த்து வைக்க ஆரம்பித்தார்கள். வெளியே போகிறவர்கள் குறைந்தார்கள், அதனால் மற்றவர்கள் கூப்பன் சம்பாதிக்கும் வாய்ப்பும் குறைந்தது, அதனால் இருக்கிற கூப்பனை இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள். ஒருவரும் சோம்பேறி ஆகவில்லை, ஒரு குழந்தைக்கும் நோய் வரவில்லை, எதுவும் எரிந்து போகவில்லை, ஆனாலும் கூட்டுறவு படுத்துவிட்டது. கட்டாயம் வெளியே போக வேண்டும் என்று முதலில் விதி போட்டுப் பார்த்தார்கள். கடைசியில் கூடுதலாகக் கூப்பன் அச்சடித்துக் கொடுத்ததும் எழுந்துகொண்டது. பின்னாளில் கூப்பன் அளவுக்கு மீறிப் போய் வேறு சிக்கல் வந்தது, அது பணவீக்கப் பாடத்துக்கு உதவும்.

இதை வகுப்பில் ஆடலாம். ஆளுக்கு ஐந்து டோக்கன். ஒருவர் படம் வரைந்து கொடுப்பார், ஒருவர் கணக்குப் போட்டுக் கொடுப்பார், எதற்கும் விலை ஒரு டோக்கன். எத்தனை வியாபாரம் நடந்தது என்று சுற்றுக்குச் சுற்று போர்டில் எழுதுங்கள். மூன்றாம் சுற்றுக்கு முன் "கடைசியில் ஒவ்வொருவரும் நாலு டோக்கன் கட்ட வேண்டி வரலாம், உறுதியில்லை" என்று மட்டும் சொல்லுங்கள். எண்ணிக்கை எப்படி விழுகிறது என்று பாருங்கள். டோக்கன் ஒன்றுகூடத் தொலையவில்லை, எல்லாம் பையில்தான் இருக்கிறது. பணம் எங்கே போனது என்ற உங்கள் கேள்விக்கு அங்கே பதில் கிடைத்துவிடும்: ஒருவர் செலவுதான் இன்னொருவர் வருமானம், எல்லாரும் ஒரே நேரத்தில் செலவை நிறுத்தினால் எல்லாருடைய வருமானமும் நிற்கும். 1930களில் கெய்ன்ஸ் வாதாடியது இதைத்தான். அடுத்த சுற்றில் நீங்களே அரசாங்கமாகி இருபது வேலை வாங்குங்கள், என்ன மாறுகிறது என்று பார்க்கட்டும்.

இது முடிந்த பிறகுதான் சந்தைக்கும் மந்தநிலைக்கும் உள்ள உறவு. மூன்று வருடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 1929 செப்டம்பரில் 381இல் இருந்த அமெரிக்கப் பங்குக் குறியீடு டவ் ஜோன்ஸ் 1932 ஜூலையில் 41க்கு வந்தது, அமெரிக்காவில் நாலில் ஒருவருக்கு வேலை போனது. 1987 அக்டோபர் 19 அன்று ஒரே நாளில் 22.6 சதவீதம் விழுந்தது, மந்தநிலை வரவே இல்லை. அப்புறம் 2020: மார்ச் 23 அன்று சென்செக்ஸ் 13 சதவீதம் விழுந்து 26,000க்குக் கீழே முடிந்தது, ஏப்ரல் முதல் ஜூன் வரை நம் உற்பத்தி முந்தைய ஆண்டைவிடக் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு சுருங்கியது, ஆனால் சந்தை ஏப்ரலிலேயே ஏற ஆரம்பித்து அடுத்த ஜனவரியில் 50,000ஐத் தொட்டுவிட்டது. நாம் வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது சந்தை ஏன் ஏறியது? அது இன்றைய நிலையை அளக்கவில்லை, நாளைய லாபத்தைப் பற்றிய ஊகத்தை விலையாக்குகிறது, அதுவும் பட்டியலிடப்பட்ட பெரிய கம்பெனிகளின் லாபத்தை மட்டும். தெருவோர இட்லிக்கடை சென்செக்ஸில் இல்லை.

1929க்கும் 1987க்கும் என்ன வேறுபாடு என்று கட்டாயம் கேட்பார்கள். 1929இல் பலர் கடன் வாங்கிப் பங்கு வாங்கியிருந்தார்கள், அதன் பின் வந்த வருடங்களில் ஆயிரக்கணக்கான வங்கிகள் மூடப்பட்டன, சேமிப்பும் போனது, புதுக் கடனும் நின்றது. 1987இல் மத்திய வங்கி உடனே இறங்கிப் பணத்தை விட்டது, வங்கிகள் விழவில்லை. வங்கிகளின் நிலையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

---

பனியன்ஊர் எழுதியது:

2008ஐ விட்டுவிட்டீர்களே சார். அந்த வருடம் ஜனவரியில் 21,000ஐத் தொட்ட சென்செக்ஸ் அக்டோபர் கடைசியில் 8,500 பக்கம் வந்தது, ஆனாலும் இந்தியாவின் வளர்ச்சி வேகம் குறைந்ததே தவிர பொருளாதாரம் சுருங்கவில்லை. எங்கள் திருப்பூரில் மட்டும் வேறு கதை. எங்கள் அப்பா ஒரு பங்குகூட வைத்திருந்ததில்லை, பனியன் கம்பெனியில் செக்கிங் செக்ஷன் சூப்பர்வைசர். அமெரிக்காக்காரன் டி-ஷர்ட் வாங்குவதைத் தள்ளிப்போட்டான், பையர் ஆர்டரைக் குறைத்தான், கம்பெனியில் நைட் ஷிஃப்ட் நின்றது, தீபாவளிக்கு ஊருக்குப் போன தென்மாவட்டத்துப் பிள்ளைகளைத் திரும்பக் கூப்பிடவில்லை, அவர்கள் தங்கியிருந்த லைன் வீடுகள் காலியாகின, பக்கத்து மெஸ்காரர் கடையை மூடினார். எங்கள் வீட்டுக்கு மந்தநிலை வந்தது ஆர்டர் வழியாக. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு ஆளை நிறுத்தி வகுப்பில் நடித்துக் காட்டச் சொல்லுங்கள், உங்கள் பிள்ளைகளில் யாராவது ஒருவர் வீட்டிலாவது இப்படி ஒரு அனுபவம் இருக்கும்.

---

வடமராட்சி எழுதியது:

நான் யாழ்ப்பாணத்தில் உயர்தர வணிகப் பிரிவுக்குப் படிப்பிக்கிறேன். நடுப்பெஞ்சு சொன்ன கூப்பன் விளையாட்டு நல்லது, ஆனால் எல்லா மந்தநிலையும் அதற்குள் அடங்காது என்பதை ரீச்சர் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். எங்கட நாட்டில் 2022இல் பொருளாதாரம் 7 சதவீதத்துக்கும் மேல் சுருங்கியது. சனம் செலவழிக்கப் பயந்து வந்தது இல்லை அது. வாங்கப் பெற்றோல் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, எரிவாயு இல்லை, ஏனென்றால் அவற்றை இறக்குமதி செய்ய டொலர் இல்லை. 2019 கடைசியில் வரிகளை வெட்டினார்கள், கொரோனாவில் சுற்றுலா நின்றது, வெளியே கடன் எடுக்கவும் வழி அடைபட்டது, அப்படியிருந்தும் டொலரை 200 ரூபாயில் பிடித்து வைக்க டொலர் கையிருப்பைக் கரைத்தார்கள். 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்ததில் நெல் விளைச்சலும் விழுந்தது. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள், டொலர் 360 ரூபாய் வரை போனது. அந்த நேரத்தில் கூடுதலாக நோட்டு அச்சடித்தால் பெற்றோல் வராது, விலைதான் ஏறும், செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது.

அதோடு இன்னொரு விசயம். கொழும்புப் பங்குச் சந்தை 2022 ஜனவரியில் அதுவரை காணாத உச்சத்தில் இருந்தது. மூன்று மாதத்தில் நாடு கடன் தவறியது. சந்தை எப்போதும் நாளைய நிலையைச் சரியாக மணந்து பிடிக்கும் என்று பிள்ளைகள் நினைக்காமல் இருக்க இதைச் சொல்லுங்கள்.

---

நடுப்பெஞ்சு எழுதியது:

முழுக்க ஒத்துக்கொள்கிறேன் ரீச்சர். இந்தியாவிலும் 1979-80இல் பொருளாதாரம் 5 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது பருவமழை பொய்த்து, எண்ணெய் விலையும் ஏறியதால்தான். டோக்கன் ஆட்டத்துக்கு இரண்டாம் பகுதி ஒன்று வைக்கலாம்: எல்லாரிடமும் டோக்கன் இருக்கட்டும், ஆனால் வகுப்பிலுள்ள பேனாக்களில் பாதியை வாங்கி மேசையில் பூட்டிவிடுங்கள். இப்போது அரசாங்கம் டோக்கன் கொடுத்துப் பார்க்கட்டும்.

---

கரும்பலகை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. போட்டியை விட்டுவிட்டேன். முதல் பீரியட் போர்டில் வாங்குகிறவர் விற்கிறவர், இரண்டாவது எல்.ஐ.சி.யும் எம்.ஆர்.எஃப்.பும், மூன்றாவது டோக்கன், நாலாவது பூட்டிய பேனா. ஐந்து சுற்றுச் சீட்டு ஆட்டத்தைத் தேர்வு முடிந்த பிறகு வைத்துக்கொள்கிறேன். ஒரு சந்தேகம்: நாற்பது பேரும் ஒரே நேரத்தில் டோக்கன் மாற்றினால் வியாபாரத்தை எப்படி எண்ணுவது?

---

தலால்தெரு எழுதியது:

வாங்கியவர், விற்றவர் இருவர் பெயரையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, முன் பெஞ்சில் இருக்கும் டப்பாவில் போட்டால்தான் வியாபாரம் செல்லும் என்று சொல்லிவிடுங்கள். சுற்று முடிந்ததும் சீட்டை எண்ணினால் போதும். எண்ணுவதற்கு இரண்டு பேரைத் தனியாக உட்கார வையுங்கள், அவர்களுக்கு டோக்கன் கொடுக்காதீர்கள்.