கிளாட் ரெயின்ஸ்: ஹாலிவுட் வீணடித்த நாடகக் கலைஞரா?

அரங்கவாசி:
‘காசாபிளாங்கா’ படத்தின் காவல்துறைத் தலைவராக மட்டுமே கிளாட் ரெயின்ஸை அறிந்தவர்கள், அவர் எத்தகைய மேடையிலிருந்து வந்தவர் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. 1889-இல் லண்டனில் பிறந்து, நடிகர்களை நேரம் பார்த்து மேடைக்கு அழைக்கும் எடுபிடிப் பையனாக அரங்கில் நுழைந்து, வசனம் எடுத்துக்கொடுப்பவர், மேடை நிர்வாகி என்று படிப்படியாக உயர்ந்தவர் அவர். காக்னி எனப்படும் லண்டன் உழைக்கும் மக்களின் பேச்சும் திருந்தாத உச்சரிப்பும் கொண்டிருந்த அவருக்கு, நடிகரும் நாடக அரங்க நிர்வாகியுமான ஹெர்பர்ட் பீர்போம் ட்ரீ தம் செலவிலேயே குரல் பயிற்சிக்கு ஏற்பாடு செய்தார். முதல் உலகப் போரில் நச்சுவாயு தாக்கி ஒரு கண்ணின் பார்வையைப் பெரும்பாலும் இழந்து திரும்பிய பின், ராயல் நாடகக் கலைக் கழகத்தில் பின்னாளில் புகழ்பெற்ற நடிகர்களான ஜான் கீல்குட்டுக்கும் சார்லஸ் லாட்டனுக்கும் ஆசிரியராக இருந்தார். அப்படிப்பட்டவரை ஹாலிவுட் என்ன செய்தது? ராபின் ஹூட் படத்தில் எரால் ஃப்ளினின் வாள்வீச்சுக்கு எதிரே இளவரசர் ஜானாக நிறுத்தியது; துணை நடிகருக்கான ஆஸ்கருக்கு நான்கு முறை பரிந்துரைத்துவிட்டு நான்கு முறையும் வெறுங்கையோடு அனுப்பியது. லண்டன் மேடை இழந்ததைத் திரை ஈடுசெய்யவில்லை என்பதே என் கருத்து.

நிழல்வெளி:
லண்டன் மேடையிலிருந்து ஹாலிவுட் அவரைப் பறித்துச் சென்றதுபோல் எழுதியிருக்கிறீர்கள். 1920களின் பிற்பகுதியிலேயே அவர் நியூயார்க்குக்குப் போய்விட்டார். அங்கே தியேட்டர் கில்டு அமைப்பின் நாடகங்களில் நடித்துக்கொண்டிருந்தவரைத்தான், லண்டன் நாடக உலகிலிருந்தே வந்த இயக்குநர் ஜேம்ஸ் வேல், 1933-இல் ‘தி இன்விசிபிள் மேன்’ படத்துக்குத் தேர்ந்தெடுத்தார். படம் முழுவதும் கட்டுத்துணிக்குள்ளோ கண்ணுக்குத் தெரியாமலோ இருந்துவிட்டு, கடைசிச் சில நொடிகளில் மட்டுமே முகம் காட்டும் ஒரு வேடத்தை வெறும் குரலால் தாங்கியிருக்கிறார் என்றால், ட்ரீ செலவிட்ட பணம் எங்கே பலன் தந்தது என்று நீங்களே சொல்லுங்கள்.

துணை வேடம் என்பதைத் தண்டனையாகக் கருதுவதும் எனக்கு ஏற்புடையதன்று. ஹிட்ச்காக்கின் ‘நொட்டோரியஸ்’ (1946) படத்தில் அவர் பிரேசிலில் பதுங்கி வாழும் நாஜி ஆதரவாளர். ஆனால், கதாநாயகன் கேரி கிராண்ட் காதலியைச் சந்தேகித்துக் குத்திப் பேசிக்கொண்டிருக்க, அவளை மனமார நேசிப்பவர் இந்தக் கெட்டவர்தான். தம்மினும் உயரமான இங்க்ரிட் பெர்க்மனை அண்ணாந்து பார்க்கும் அந்த நடுத்தர வயது மனிதரின் கண்களில் பெருமிதமும், எப்போது இவள் கைநழுவிப் போவாளோ என்ற அச்சமும் ஒருசேரத் தெரிகின்றன. இறுதியில், கொல்லப்படுவோம் என்று தெரிந்தே தம் கூட்டாளிகளிடம் படியேறித் திரும்பும்போது, வில்லன் ஒழிந்தான் என்று நம்மால் மகிழ முடிவதில்லை. இந்த நடிப்பு மேடையின் பத்தாவது வரிசைக்குக்கூடப் போய்ச் சேர்ந்திருக்காது.

முன்வரிசை:
இருவருமே அவருடைய விருப்பத்தை விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள். 1939-இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்று, பென்சில்வேனியாவில் பண்ணை வைத்து வாழ்ந்தவர், லண்டனை நினைத்து ஏங்கியதாகத் தோன்றவில்லை. வார்னர் பிரதர்ஸ் படநிறுவனத்தின் ஒப்பந்தம் நிலையான வருமானத்தைத் தந்தது. 1930களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்து நாடக உலகம் அதைத் தந்திருக்காது. (அவர் ஆறு முறை மணம் புரிந்தவர் என்பதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.)

அரங்கவாசி:
வருமானம் பற்றி எனக்கு மறுப்பில்லை. கலை பற்றியே பேசுகிறேன். 1934-க்குப் பிறகு 1951 வரை நியூயார்க்கின் நாடக மையமான பிராட்வே அவரைக் காணவில்லை. அறுபது வயதைக் கடந்த பின் திரும்பி வந்தார். ஆர்தர் கோஸ்ட்லரின் நாவலைத் தழுவி சிட்னி கிங்ஸ்லி எழுதிய ‘டார்க்னெஸ் அட் நூன்’ நாடகத்தில், தாம் கட்டியெழுப்பிய புரட்சியாலேயே சிறையில் அடைக்கப்பட்ட ருபஷோவாக நடித்தார். உடனே சிறந்த நடிகருக்கான டோனி என்ற அமெரிக்க நாடக விருது கிடைத்தது. ஒரே முயற்சியில் மேடை தந்த முதலிடத்தை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உழைத்தும் ஹாலிவுட் தரவில்லை. இடைப்பட்ட அந்தப் பதினேழு ஆண்டுகளில் எத்தனை ருபஷோவ்களை நாம் இழந்தோம் என்பதுதான் என் கேள்வி.

நிழல்வெளி:
விருதை அளவுகோலாகக் கொண்டால் உங்கள் வாதம் நிற்கும்; முதன்மை வேடத்தை அளவுகோலாகக் கொண்டால் நிற்காது. பெர்னார்ட் ஷாவின் ‘சீசர் அண்ட் கிளியோபாட்ரா’வை 1945-இல் பெரும் பொருட்செலவில் பிரிட்டனில் படமாக்கியபோது, விவியன் லீக்கு இணையாகச் சீசர் வேடம் அவருக்கே கிடைத்தது. இங்கிலாந்து, ஷா, கதாநாயகன் இடம் என்று நீங்கள் கேட்பதெல்லாம் அதில் இருந்தும், படம் அசைவற்றுக் கிடக்கிறது. ‘மிஸ்டர் ஸ்மித் கோஸ் டு வாஷிங்டன்’ படத்தில், இளம் செனட்டரின் நேர்மைக்கு முன்னே தம் பழைய கொள்கைகளை நினைத்துக் கூசும் ஊழல் செனட்டராக அவர் வரும் காட்சிகளை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எதில் அதிகம் நடித்திருக்கிறார் என்பது தெரியும். எழுபதைக் கடந்த பிறகு, 1962-இல், ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’வில் டிரைடன் என்ற அரசியல் அதிகாரியாகச் சில காட்சிகளில்தான் வருகிறார், ஆயினும் பேரரசு எப்படிச் சிந்தித்தது என்பதைத் தளபதிகளின் உரைகளைவிட அவர் அறையின் ஓரத்தில் நிற்கும் விதமே அதிகம் சொல்கிறது.

அரங்கவாசி:
டிரைடனை இன்றும் போட்டுப் பார்க்கலாம். மேடையின் ருபஷோவைப் பார்க்க முடியாது. ஒப்பிடுவதற்கு ஒரு தட்டு காலியாக இருக்கும்போது, மற்றதுதான் கனமானது என்று தாங்கள் தீர்ப்பளிப்பதை என்னால் ஏற்க இயலாது.