வெள்ளி கடந்த காலை: புதுச்சேரியை வைத்து எழுதும் காலப்பயணக் காதல் நாவல்கள் பற்றிய அனுபவப் பகிர்வு

முத்தியால்பேட்டை வாசகர்:

இளையோருக்கான காலப்பயணக் காதல் கதைகளைக் கைப்பிரதியில் படிக்கும்போது முதலில் சறுக்குவது காதல் இல்லை, காலம் தாவும் வாசல்தான். கிணற்றில் விழுந்தாள், மோதிரம் மின்னியது, கண் திறந்தால் பழைய காலம். ஏன் அந்த வருடம், ஏன் அந்தக் காலை என்று பதினைந்து வயது வாசகர் கேட்டே தீருவார். பதில் இல்லாவிட்டால் பிறகு வரும் பிரிவும் கண்ணீரும் அவரைத் தொடாது.

நம் ஊருக்கு அசல் தேதி ஒன்று உண்டு: 1769 ஜூன் 4, ஞாயிறு. வெள்ளிக் கோள் சூரிய வட்டத்தின் குறுக்கே கடப்பதை அளக்க பிரான்சிலிருந்து வந்த வானியலாளர் லெ ஜாந்தில் அன்று விடியலில் இங்கே தொலைநோக்கியோடு காத்திருந்தார். 1761 ஜூன் 6 கடப்புக்கே வந்து சேர்ந்திருக்க வேண்டியவர். அந்த ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்துவிட்டது. மேற்குக் கரையில் மாஹே பக்கம் வந்தபோது செய்தி தெரிந்து கப்பல் திரும்பியது. ஆடும் கப்பலில் இருந்துகொண்டு துல்லியமாக அளக்க வழியில்லை. அடுத்ததற்காக எட்டு வருடம் பிரான்சுக்குத் திரும்பாமல் கிழக்கிலேயே தங்கினார். அந்த நாளும் வந்தது, மேகம் மூடியது, கடப்பு முடிந்த பிறகு வெயில் அடித்தது. இதைவிட நல்ல வாசலைக் கற்பனையில் செய்துவிட முடியாது.

மஞ்சக்குப்பம் வாசகர்:

இந்த வாசலுக்குள்ளேயே கணக்கும் இருக்கிறது. வெள்ளிக் கடப்பு எட்டு வருட இடைவெளியில் ஜோடியாக வரும், பிறகு நூறு வருடத்துக்கு மேல் வராது. 1761, 1769. அடுத்து 1874, 1882. அடுத்து 2004, 2012. இனி 2117 டிசம்பர்தான். 2004-இல் ஒன்பது வயதுப் பையன் 2012-இல் பதினேழு. 1761-இல் ஒன்பது வயதுச் சிறுமியும் 1769-இல் பதினேழு. முதல் கடப்பில் குழந்தைகளாக ஒரு நொடி பார்த்துக்கொண்டு, இரண்டாவதில் சந்திக்கிறார்கள் என்றால் வயதுச் சிக்கல் தானாகத் தீர்கிறது.

எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது நேரத்தில். 2012 ஜூன் 6 அன்று இங்கே சூரியன் எழும்போதே வெள்ளி அதன் மேல் இருந்தது, இந்திய நேரம் 10.20 வாக்கில் விலகியது. கையில் நாலரை மணி நேரம். 1769-இலோ சூரியன் எழுந்து ஏறக்குறைய மூன்றரை நாழிகைதான், அதாவது எண்பது நிமிடத்துக்குச் சற்றுக் கூட. இந்தப் பக்கம் தாராளம், அந்தப் பக்கம் நெருக்கடி. கதையின் இழுவிசையே இதுதான், தயவுசெய்து வீணாக்காதீர்கள். மேகம் மூடினால் வாசல் மூடுமா மூடாதா என்பதை இரண்டாம் அத்தியாயத்துக்குள் சொல்லிவிடுங்கள். கடைசியில் சொன்னால் ஏமாற்று வேலை.

இன்னொன்று, அன்று சூரிய நேரம்தான். இந்திய நேரம் புதுச்சேரிச் சூரிய நேரத்தைவிடப் பத்துப் பதினொரு நிமிடம் முந்தி ஓடும். நாயகன் கைக்கடிகாரத்தை மட்டும் நம்பினால் அந்தப் பத்து நிமிடம் அவனைக் குழப்பும். மாதமும் அப்படியே. தமிழ்க் கணக்கில் அந்த நாள் விரோதி வருடம், வைகாசி மாதம் என்பது சரி, ஆனால் இன்றைய காலண்டரைப் பார்த்துத் தேதி போடக்கூடாது. அந்த நூற்றாண்டில் சித்திரை முதல் நாள் ஏப்ரல் 10-ஐ ஒட்டி வந்தது.

லாஸ்பேட்டை வாசகர்:

ஊரை எழுதும்போது இன்றைய கடற்கரைச் சாலையைக் கழற்றி வைத்துவிட்டு உட்காருங்கள். 1761-இல் வெள்ளையர் நகரம் இடித்துத் தரைமட்டம் ஆக்கப்பட்டது. 1765-இல் பிரெஞ்சுக்காரர் திரும்பி வந்து கட்டத் தொடங்கினார்கள். ஆகவே 1769 என்றால் பாதி இடிபாடு, பாதி சுண்ணாம்புச் சூளை. பழைய கலங்கரை விளக்கம் 1836. ஆயி மண்டபம் அதற்கும் பிறகு, மூன்றாம் நெப்போலியன் காலம். மிஷன் வீதி மாதா கோவில் 1770-இல் தொடங்கி 1791-இல் முடிந்தது. வேதபுரீஸ்வரர் கோவிலை 1748 முற்றுகையின்போதே இடித்துவிட்டார்கள். இரண்டு காலத்துக்கும் பொதுவான அடையாளம் வேண்டுமென்றால் மணக்குள விநாயகர் கோவிலைப் பிடியுங்கள்.

வீட்டுக்குள் தக்காளி ரசம், உருளைக்கிழங்கு, தீப்பெட்டி வேண்டாம். உரசிப் பற்றவைக்கும் குச்சி 1820-களில்தான் வந்தது. பேச்சு வழக்குக்கும் அன்றாடக் கணக்குக்கும் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிய நாட்குறிப்பைப் பக்கத்திலேயே வைத்திருங்கள். வராகன், பணம் என்ற நாணயங்கள் எல்லாம் அதில் புழங்குவதைப் பார்க்கலாம்.

திருப்பாதிரிப்புலியூர் வாசகர்:

நாயகி பற்றி ஒரு வார்த்தை. அன்று பதினேழு வயதுப் பெண் மணமாகாமல் இருப்பதற்குக் காரணம் சொல்லியாக வேண்டும். 1760 – 61 முற்றுகைப் பட்டினியில் குடும்பம் சிதறியது என்பது வலுவான காரணம். அவளைப் பஞ்சாங்கம் கணிப்பவர் வீட்டில் வையுங்கள். சோழிகளைத் தரையில் வைத்து, மனப்பாட வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லி, சந்திர கிரகணத்தைக் கணிக்கும் முறை இங்கே இருந்தது. புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் செய்து காட்டியதை இந்தியக் காலக்கணிப்பு முறைகளை ஆராய்ந்த ஜான் வாரன் 1825-இல் பதிவு செய்திருக்கிறார். அந்த வாக்கியங்களை மறைந்திருந்து கேட்டே கற்றவள் என்றால் அவளுக்கு ஒரு மூளையும் ஒரு ஆசையும் கிடைத்துவிடும்.

காதல் காட்சி நிலா வெளிச்சத்தில் நடக்க வேண்டியதில்லை. சார்ஜ் போகும் முன் அவன் கைப்பேசி சொன்ன நேரத்தையும் அவள் சோழி சொன்ன நேரத்தையும் ஒப்பிட்டு இருவரும் சண்டை போடட்டும். வெள்ளி சூரியனைக் கடப்பது அவளுக்குத் தெரிந்த வாக்கியங்களில் இருந்ததாக மட்டும் எழுதாதீர்கள். கிரகணக் கணக்கிலிருந்து அவள் அதற்குப் போராடிப் போவதுதான் அழகு.

முத்தியால்பேட்டை வாசகர்:

2012 பக்கத்தையும் மறக்க வேண்டாம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. ஐந்து மாதம் கழித்து நாயகி நம் காலத்துக்கு வந்தால் பார்ப்பதும் அடிபட்ட ஊரைத்தான். பண்ருட்டிக்கு அழைத்துப் போனால் தோப்பு நிழல் எழுதாதீர்கள், சாய்ந்த மரங்களை எழுதுங்கள்.