மாவுக்கடை: தினம் 70 பாக்கெட் போகுது, மாசக் கடைசியில் கைக்காசும் போகுது. பெரிய கிரைண்டர் வாங்கவா, கடையை மூடவா?

மாவுக்காரர்_திருச்சி (கேள்வி)

வணக்கம். திருச்சி பக்கம் இட்லி மாவு அரைச்சு மளிகைக் கடைகளுக்குப் போடுறோம், ரெண்டு வருஷமா. கணக்கை அப்படியே வைக்கிறேன், ஓட்டை எங்கேன்னு சொல்லுங்க.

தினம் 70 பாக்கெட், ஒவ்வொண்ணும் ஒரு கிலோ, 22 கடை. கடைக்கு 38 ரூபாய், எம்ஆர்பி 45. திரும்பி வர்றது தினம் பத்து. இட்லி அரிசி கிலோ 42, முழு உளுந்து 130. நாலுக்கு ஒண்ணு போடுறோம். 10 கிலோ அரிசிக்கும் இரண்டரை கிலோ உளுந்துக்கும் சுமார் 27 கிலோ மாவு வருது. கவர் 2 ரூபாய். மாச வாடகை 6,500, கரண்ட் 2,700, பெட்ரோல் 3,000. கூலிக்கு ஆள் இல்லை, வீட்டுக்காரம்மாவும் நானும்தான். கடைகளில் நிக்கிற பாக்கி 31,000. தண்டல் (தினம் தவணை கட்டுற கடன்) ரெண்டு ஓடுது: ஒண்ணு தினம் 100, இன்னும் 40 நாள்; இன்னொண்ணு தினம் 200, இன்னும் 65 நாள்.

இருக்கிறது 20 லிட்டர் டில்டிங் கிரைண்டர். சப்சிடி லோனில் 40 லிட்டர் எடுத்து 150 பாக்கெட் ஆக்கினா தேறுமா? இல்லை, இதோட நிறுத்திக்கிறதா?

கணக்கப்பிள்ளை

கிரைண்டர் பேச்சை இப்போதைக்கு ஓரமா வைங்க. உங்க எண்களை வைத்தே போடுகிறேன்.

அரிசி 420, உளுந்து 325, வெந்தயம் உப்புக்கு 15. ஆக 760 ரூபாய்க்கு 27 கிலோ. கிலோ 28, கவரோடு 30. கடைக்கு 38 என்றால் ஒரு பாக்கெட்டில் நிற்பது 8 ரூபாய். வாடகை, கரண்ட், பெட்ரோல் சேர்த்து 12,200. அதை எட்டால் வகுத்தால் மாசம் 1,525 பாக்கெட், அதாவது தினம் 51 விற்றாலே போட்ட காசு வந்துவிடும். நீங்கள் 60 விற்கிறீர்கள். அப்புறம் ஏன் நட்டம்?

திரும்பி வரும் பத்துதான். திரும்பி வந்த பாக்கெட்டில் உங்களுக்கு 8 ரூபாய் போகவில்லை, 30 ரூபாய் போகிறது. ஒரு ரிட்டன், கிட்டத்தட்ட நாலு பாக்கெட் விற்ற லாபத்தைத் தின்றுவிடும். மாசம் 300 ரிட்டன் என்றால் 9,000 ரூபாய். 68,400 வரவில் 63,000 மாவுக்கும் கவருக்குமே போய்விட்டால் மீதி 5,400. அதில் 12,200 எப்படிக் கட்டுவது? மாசம் 6,800 கையை விட்டுப் போகிறது, தண்டல் 9,000 தனி. இதே விகிதத்தில் 150 பாக்கெட் போட்டால் ரிட்டன் இருபதைத் தாண்டும், அதற்கு மேல் இஎம்ஐ.

ஒரு நோட்டில் கடைவாரியாக மூன்று கட்டம் போடுங்கள்: போட்டது, விற்றது, திரும்பியது. பத்து நாள் எழுதினால் போதும். 22 கடையில் ஏழெட்டுக் கடைதான் முக்கால்வாசி ரிட்டனைத் தள்ளிக்கொண்டிருக்கும். தினம் ரெண்டு பாக்கெட்கூட ஓடாத கடையை விட்டுவிடுங்கள். அங்கே போய்வரும் பெட்ரோலே அந்த லாபத்தைக் குடித்துவிடும்.

ஜிஎஸ்டி பயம் வேண்டாம். வருஷ விற்பனை எட்டேகால் லட்சம்தான். மாநிலத்துக்குள் சரக்கு விற்பவருக்குப் பதிவு வரம்பு 40 லட்சம்.

கல்லும்_குழவியும்

ரிட்டன் கடையில் பிறப்பதில்லை, அரைக்கும் இடத்திலேயே பாதி பிறந்துவிடும். நீங்கள் சொல்லாமல் விட்ட ஒன்று: முழுக்கப் பொங்கவிட்டு பேக் பண்ணுகிறீர்களா? அப்படியானால் கடைக்குப் போகும்போதே மாவு பாதி ஆயுசு முடிந்து போகிறது. மறுநாள் மதியமே புளிப்பு.

அரிசி நாலு மணி நேரம், உளுந்து முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஊறினால் போதும். ரொம்ப நேரம் ஊறின உளுந்து அவ்வளவாக நுரை பிடிக்காது. உளுந்துக்கு ஃப்ரிட்ஜில் வைத்த தண்ணீரையே தெளித்துத் தெளித்து விடுங்கள், அரை மணிக்குக் குறையாமல் ஓடட்டும். ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் போட்டால் மிதக்கணும். கல் சூடேறி மாவு வெதுவெதுப்பானால் அரைக்கும்போதே புளிப்பு ஆரம்பம். அரிசியைக் குருணைப் பதத்தில் எடுங்கள். கலந்தபின் வெயில் காலத்தில் ரெண்டு மணி, மார்கழியில் நாலு மணி. லேசாக எழும்பினதும் பேக் பண்ணி 4 டிகிரியில் வைக்கணும். கவரில் மூன்றில் ஒரு பங்கு காலி இருக்கட்டும், மேல் ஓரத்தில் ஊசித் துளை ஒன்று. 'சமைக்கும் முன் 3 மணி நேரம் வெளியே வைக்கவும்' என்று கவரிலேயே அடித்துவிடுங்கள். வாங்குபவர் வீட்டில் பொங்கட்டும்.

பலர் செய்யும் தப்பு: பேக் பண்ணின பாக்கெட்டை டிரேயில் அடுக்கடுக்காக ஏற்றி ஃப்ரிட்ஜில் தள்ளுவது. மாவு மெதுவாகத்தான் குளிரும். நடுவில் மாட்டின பாக்கெட் விடியும் வரை சூடாகவே இருந்து உப்பிவிடும். முதல் மூன்று மணி நேரம் ஒற்றை அடுக்காகப் பரப்பி வைத்துவிட்டு, குளிர்ந்தபின் அடுக்குங்கள்.

எடையையும் பாருங்கள். கரண்டியால் ஊற்றி 'கொஞ்சம் கூட இருக்கட்டும்' என்று விடும் 40 கிராம், 70 பாக்கெட்டுக்கு 2.8 கிலோ. அது தினம் 78 ரூபாய். குறைத்துப் போடச் சொல்லவில்லை, அது எடையளவுச் சட்டப்படி குற்றம். எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷா வருஷம் முத்திரையும் போடணும். ஆனால் கிலோ என்றால் கிலோ, கவர் எடை போக.

உளுந்து பழசானால் காணாது. மூட்டையாக எடுக்கும் முன் 100 கிராம் வாங்கி அரைத்து, மாவு எவ்வளவு பொங்குகிறது என்று டம்ளரில் அளந்து பாருங்கள். டெல்டாவில் நெல் தரிசு உளுந்து (நெல்லுக்குப் பின் அதே வயலில் விளைவது) பங்குனி வாக்கில் வரும். புது உளுந்தின் வித்தியாசம் முதல் அரைப்பிலேயே தெரிந்துவிடும்.

வெட்டிப்பேச்சு

திரும்பி வந்ததை ஏன் வீணாக்குறீங்க? புது மாவோட கொஞ்சம் கொஞ்சமா கலந்து ஒரு சிட்டிகை சோடா போட்டா தெரியவா போகுது?

கல்லும்_குழவியும்

தெரியும். கலந்த அன்றைய அரைப்பு முழுக்க சீக்கிரமே புளிக்கும், பத்து ரிட்டன் இருபதாகும். எந்தக் கடையில் எப்படி இருந்தது என்றே தெரியாத மாவை ஊருக்கு விற்கவும் கூடாது.

மளிகை_மூலைக்கடை

கடைக்காரன் பக்கத்திலிருந்து ரெண்டு வார்த்தை.

ராத்திரி கடை சாத்தும்போது கரண்டு மிச்சம் பிடிக்க ஃப்ரிட்ஜை அணைக்கிற கடைகள் நிறைய. நீங்க காலையில் மாவு போடப் போகும்போது உள்ளே இருக்கிற பால் பாக்கெட்டைத் தொட்டுப் பாருங்க. சில்லுன்னு இல்லேன்னா அந்தக் கடைக்கு அன்னன்னைக்கு விக்கிற அளவு மட்டும் போடுங்க, ரிட்டன் கிடையாதுன்னு முதல்லயே சொல்லிடுங்க. ஃப்ரிட்ஜ் ஒழுங்கா ஓடுற கடைக்கு பத்துக்கு ஒண்ணு ரிட்டன் எடுத்துக்கலாம், அதுக்கு மேல இல்லை. சண்டை வரும். வரட்டும்.

பாக்கிக்கு வழி: பில்லுக்கு பில். பழைய பில் காசு வந்தாதான் இன்னைக்குச் சரக்கு. 31,000-ஐ ஒரே மூச்சில் கேட்டா ஒருத்தரும் தரமாட்டாங்க. இன்னைக்குச் சரக்கு ரொக்கம், அதோட பழைய பாக்கியில் தினம் 100 ரூபாய்ன்னு பேசி எழுதி வைங்க. எப்போ கேக்கிறீங்கங்கிறதும் முக்கியம். காலையில் போணி ஆகாம காசு கேட்டா சுத்தமா நடக்காது, விளக்கு வெச்ச பிறகும் பலர் கல்லாவிலிருந்து எடுக்கமாட்டாங்க. வசூலுக்குத் தனியா 11 மணியிலிருந்து 1 மணிக்குள்ள போங்க. மாவு போடுற நேரத்துல வசூல் பேச்சு எடுத்தா ரெண்டும் கெடும்.

விலை ஏத்தணும்னா எங்களுக்கு இருக்கிற 7 ரூபாயைத் தொடாதீங்க. எங்களுக்கு 40, எம்ஆர்பி 47-ன்னு ரெண்டையும் நகர்த்துங்க. எம்ஆர்பியும் தேதியும் கவரில் அச்சடிக்காம ரப்பர் ஸ்டாம்பில் போட்டீங்கன்னா பழைய கவர் வீணாகாது. அச்சடிச்ச விலை மேல கூடுதல் விலை ஸ்டிக்கர் ஒட்டறது செல்லாது.

வட்டிக்_கணக்கு

தண்டலைத் தனியாகப் பார்ப்போம். 10,000 எழுதி 9,000 கையில் கொடுத்து, தினம் 100 வீதம் 100 நாள். '1,000 ரூபாய்தானே வட்டி' என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசலைத் திருப்பிக் கட்டிக்கொண்டிருப்பதால், சராசரியாக உங்கள் கையில் இருக்கும் பணம் 4,500 தான். 4,500-க்கு 100 நாளில் 1,000 என்பது வருஷத்துக்கு 80 சதவீதத்தைத் தாண்டும். மாவு வியாபாரத்தில் எங்கே இருக்கிறது 80 சதவீதம்?

உங்களுக்கு மிச்சம் 4,000-மும் 13,000-மும், மொத்தம் 17,000. கடைகளில் நிற்பது 31,000. முதலில் வசூலாகும் பணம் உளுந்து மூட்டைக்குப் போகாமல் இதற்கே போகட்டும். 4,000-ஐ முடித்தால் தினம் 100 ரூபாய் மூச்சு விடலாம். ஒன்றை முடிக்க இன்னொன்று எடுக்காதீர்கள். மிரட்டல், அடாவடி என்று போனால் 2003-ஆம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது, போலீஸில் எழுதிக் கொடுக்கலாம்.

சப்சிடி விஷயம். மத்திய அரசின் குறு உணவு பதப்படுத்தும் நிறுவனங்கள் திட்டத்தில் மானியம் 35 சதவீதம், உச்சவரம்பு 10 லட்சம். அந்தப் பணம் உங்கள் கைக்கு வராது. வங்கியில் தனிக் கணக்கில் இருந்து, மூன்று வருஷம் ஒழுங்காகக் கட்டினால்தான் கடனில் கழியும். நடுவில் 90 நாள் தவணை நின்றால் வாராக்கடன், மானியமும் போச்சு. உத்யம் பதிவை (மத்திய அரசின் சிறுதொழில் பதிவு) மட்டும் இப்போதே செய்துவிடுங்கள், அதற்குக் கட்டணமே கிடையாது. காசு கேட்கும் ஏஜென்ட் பக்கம் போகாதீர்கள்.

மாவுக்காரர்_திருச்சி

எல்லாருக்கும் நன்றி. பத்து பாக்கெட்டை எடை போட்டேன்: கவர் போக 10 கிலோ 390 கிராம். முழுக்கப் பொங்கவிட்டுத்தான் பேக் பண்ணிட்டிருக்கோம். கடையைக் குறைச்சா 45 பாக்கெட்தான் போகும், மிச்ச நேரத்துக்கு என்ன பண்றது?

கணக்கப்பிள்ளை

பாக்கெட்டுக்கு 39 கிராம் என்றால் மாசம் 2,300 ரூபாய் மாவு சும்மா போயிருக்கிறது. நான் மேலே போட்ட கணக்கில் இது சேரவே இல்லை.

மிச்ச நேரத்துக்கு வாசலில் சில்லறை. சாயங்காலம் 5 முதல் 8 வரை, பாத்திரம் கொண்டுவந்தால் கிலோ 42. கவர் செலவு இல்லை, கடைக் கமிஷன் இல்லை, ரிட்டன் இல்லை. கிலோவுக்கு 14 நிற்கும். 15 கிலோ விற்றால் 210 ரூபாய். கடைக்குப் போகும் 45-இல் 360. மாசம் 17,100. தினம் ரெண்டு ரிட்டன் என்று 1,800 கழித்தால் 15,300. பெட்ரோல் 1,800 ஆகக் குறைந்தால் செலவு 11,000. மீதி 4,300. ரெண்டு பேர் உழைப்புக்கு இது கூலியே இல்லைதான். ஆனால் கையை விட்டுப் போவது நிற்கிறது. கடை விலை 40 ஆனால் இன்னும் 2,700 சேரும்.

அறுபது நாள் கெடு வைத்துக்கொள்ளுங்கள். ரிட்டன் தினம் மூன்றுக்குக் கீழே, வாசல் விற்பனை 15 கிலோவுக்கு மேல், தண்டல் சின்னது முடிந்தது: இந்த மூன்றும் நடந்திருந்தால் ஓட்டுங்கள். ரிட்டன் குறைந்தும் வாசலில் எட்டு கிலோவைத் தாண்டவில்லை என்றால், அந்த 6,500 வாடகை இடத்தை விட்டுவிட்டு வீட்டிலேயே 25 கிலோ அரைப்பதைப் பற்றி யோசிக்கலாம். வாடகை அட்வான்ஸைத் திருப்பி வாங்க எத்தனை மாச நோட்டீஸ் என்று ஒப்பந்தத்தை இப்போதே எடுத்துப் பார்த்து வைங்கள்.

கல்லும்_குழவியும்

வாசலில் விற்பதை அன்று மதியம் அரைத்ததாக வைங்கள், காலைப் பாக்கெட்டில் மிஞ்சினது வேண்டாம். முதல் வாரம் 6 கிலோ போதும். தீர்ந்துபோச்சு என்று நாலு பேரைத் திருப்பி அனுப்பினபிறகு 8 ஆக்குங்கள்.