அலையாத்தி வாய்க்கா வேலை – ஊர் குழு

பஞ்சாயத்து அண்ணன்: எல்லாருக்கும் வணக்கம். வர்ற ஞாயித்துக்கிழமை வெளியூர் கம்பெனிக்காரங்க 2,000 சுரபுன்னைக் கன்னு (அலையாத்தி மரத்துல ஒரு வகை) கொண்டாந்து தெக்குத் திடல்ல நடுறாங்களாம். கூட ஆள் கேக்குறாங்க. யார் யார் வர்றீங்க?

மேஸ்திரி மாமா: தெக்குத் திடல்லயா? அதுவும் பங்குனியில? அங்க உப்புல மொளைக்கிற உமிரிச் செடியைத் தவிர எதுவும் நிக்காது தம்பி.

நாற்றங்கால் அக்கா: 📷
மேல வெள்ளையா உப்பு பூத்திருக்கு பாருங்க. ஓரடி குழி தோண்டி, ஊறின தண்ணிய உப்பு மீட்டர்ல விட்டா ஆயிரத்துக்கு 72 காட்டுது. கடல் தண்ணியே 35தான். உப்பு தாங்குற வெண்கண்டல் மரமே அங்க திணறும், சுரபுன்னை எங்க தாங்குறது?

கல்லூரித் தம்பி: ஓதத்துக்கு கடல் தண்ணி ஏறுதேக்கா, அப்புறம் எப்படி இவ்ளோ உப்பு?

மேஸ்திரி மாமா: ஏறுது, எறங்கலையே. வெள்ளைக்காரன் காலத்துலேர்ந்து இங்க இருந்த அலையாத்தி மரத்த முறை வெச்சு மொட்டையா வெட்டுனாங்க. நிழல் போச்சு. சேறு காஞ்சு அமுங்கி நடுவுல தாம்பாளமாட்டம் குழிஞ்சிடுச்சு. அமாவாசை பௌர்ணமிக்கு ஏறுற தண்ணி அங்கயே தேங்கும். வெயில்ல தண்ணி போயிடும், உப்பு தங்கிடும். இதுல எத்தனை கன்னு நட்டாலும் சாவும்.

கல்லூரித் தம்பி: இலங்கையில சுனாமிக்கப்புறம் இதான் நடந்துச்சு. நட்ட 23 இடத்தப் போய்ப் பாத்து 2017ல கட்டுரை போட்டாங்க. 9 இடத்துல ஒரு கன்னு கூட இல்ல. ஆயிரம் ஹெக்டேருக்கு மேல நட்டதுல தேறினது இருநூத்திச் சொச்சம். பெரும்பாலும் சுரபுன்னைதான், அதுவும் அது வளராத மட்டத்துல. நட்டப்புறம் பாத்துக்க ஆளும் இல்ல.

பஞ்சாயத்து அண்ணன்: சரி, என்னதான் பண்ணணும்கிறீங்க?

மேஸ்திரி மாமா: மொதல்ல தண்ணி வந்து போக வழி. தொண்ணூறுகள்ல பிச்சாவரத்துல சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்க்காரங்கள வெச்சு வெட்டுனாங்களே மீன்முள் வாய்க்கா, அதான். ஆத்துலேர்ந்து நடுவுல ஒரு தாய் வாய்க்கா: மேல 10 அடி, அடியில 3 அடி, ஆழம் 3 அடி. ரெண்டு பக்கமும் 40 அடிக்கு ஒரு கிளை: மேல 6, அடியில 2, ஆழம் ரெண்டரை. கிளை 45 டிகிரி சாஞ்சு சேரணும். எறங்குற தண்ணி, வாய்க்கா ஆத்துல சேருற வாய்ப்பக்கம் பாத்து வந்து விழணும். நேர் குறுக்கா வெட்டுனா சேருற எடத்துல தண்ணி முட்டி மண்ணு தள்ளும், அங்கதான் மொதல்ல தூந்து போவும்.

மேஸ்திரி மாமா: கரைய செங்குத்தா விடாதீங்க. சரிவு இல்லன்னா மழைக்கு இடிஞ்சு விழும், கன்னு வைக்கவும் எடம் இருக்காது. வெட்டுன மண்ண ஓரத்துல வரப்பாட்டம் குவிச்சிடவும் கூடாது. ஏறுற ஓதம் திடலுக்குள்ள பரவாது. நாலடி தள்ளி மெலிசா எறைக்கணும்.

பஞ்சாயத்து அண்ணன்: ஜேசிபி விட்டா ரெண்டு நாள்ல முடிஞ்சிடுமே மாமா?

மேஸ்திரி மாமா: சேத்துல எறங்குனா எடுக்க இன்னொரு ஜேசிபி வேணும் 😄 அது போன தடமே புதுசா ஒரு பள்ளம், திரும்ப தண்ணி தேங்கும். காப்புக்காடு வேற, ரேஞ்சர் எழுத்துல குடுக்காம ஒரு மம்பட்டி கூடப் போடக்கூடாது. ஆள் வெச்சுதான் வெட்டணும். கணக்கு: தாய் வாய்க்கா 100 அடிக்கு ஏறக்கொறைய 20 யூனிட் மண்ணு (யூனிட்னா 100 கன அடி), கிளை 100 அடிக்கு 10 யூனிட்.

கல்லூரித் தம்பி: மட்டம் எப்படிப் பாக்குறது?

மேஸ்திரி மாமா: கொத்தனார் வெச்சிருக்கிற டியூப் லெவல் (தண்ணி ஊத்துன குழாய்) போதும். வாய்ப்பக்கம் தாழ, கடைசி மேல. நம்ம பக்கம் ஓதமே ரெண்டு மூணடிதான், அரையடி தப்புனாலும் கடைசிக் கிளைக்குத் தண்ணி எட்டாது. வெட்டுனதும் பௌர்ணமி ஓதத்துக்குப் போய்ப் பாரு. கடைசி வரைக்கும் ஏறணும், வத்தத்துக்கு (ஓதம் எறங்குறப்போ) முழுசா வடியணும். குட்டையா நின்னா அந்த எடத்தத் திரும்ப வெட்டு.

நாற்றங்கால் அக்கா: இப்போலேர்ந்து ஆடிக்குள்ள வெட்டிடணும். ஐப்பசி மழை நாலு தடவ கழுவினப்புறம் மீட்டர் வெச்சுப் பாத்துட்டுதான் கன்னு. வெண்கண்டல் காய் அப்பதான் உதிரும். கீழ விழுந்ததப் பொறுக்கி ராத்திரி முழுக்கத் தண்ணியில போட்டா தோலு கழண்டுடும். ஓட்டை விழுந்தது, மெதுவா அமுக்குனா பொதபொதங்கிறது வேண்டாம், உள்ள புழு இருக்கும். சுரபுன்னை தாய் வாய்க்கா ஓரத்துக்கு மட்டும். காய்க்கும் அதுலேர்ந்து தொங்குற நீளத் தண்டுக்கும் நடுவுல மஞ்ச வளையம் வந்ததத்தான் பறிக்கணும். அந்தத் தண்டுல மூணுல ஒரு பங்கு சேத்துல இறக்குனா போதும். தலைகீழா நடாதீங்க, புதுசா வர்றவங்க நெறைய பேரு அதத்தான் செய்யுறாங்க!

நாற்றங்கால் அக்கா: எல்லாமே சரிவுல நடு மட்டம். அடியில வெச்சா எந்நேரமும் முழுகி கொட்டலசு (ஓட்டோட ஒட்டிக்கிற சின்னக் கடல் உயிரி) ஒட்டிக்கும், உச்சியில வெச்சா காஞ்சிடும். ஆனா பக்கத்துல தாய் மரம் இருக்கிற எடத்துல நடவே வேண்டாம். வழி வெட்டிவிட்டா விதை தானா மெதந்து வரும்.

கரையோர அத்தை: எங்களையும் ஒரு வார்த்த கேளுங்கப்பா. அந்தத் திடலச் சுத்திதான் பொம்பளைங்க கையால தடவி எறா, நண்டு புடிக்கிறோம். வாய்க்கா வெட்டிட்டு "உள்ள வராத"ன்னு போர்டு மாட்டுனா யாரு காவ காப்பா?

மேஸ்திரி மாமா: அத்த சொல்றதுதான் ஞாயம். வாய்க்காக்குள்ள எறாக்குஞ்சு ஏறும், புடிக்கிற உரிமை உங்களுக்குத்தான்னு தீர்மானத்துலயே எழுதணும். ஒண்ணே ஒண்ணு, வாய்க்கா வாயில குறுக்க வலை கட்டக் கூடாது. குப்பை அடைச்சு மண்ணு தங்கிடும்.

கரையோர அத்தை: வலை நாங்க கட்ட மாட்டோம். மேலத்தெரு மாட்டுக்கு என்ன பண்றீங்க? கொழுந்து விட்டதும் மேஞ்சிடும்.

பஞ்சாயத்து அண்ணன்: மொத ரெண்டு வருசம் மாடு வடக்குத் தரிசுக்குன்னு மாட்டுக்காரங்களயும் உக்கார வெச்சுப் பேசிடுறேன். அவங்க இல்லாம போட்ட தீர்மானம் எதுவும் நின்னதில்ல.

மேஸ்திரி மாமா: வருசா வருசம் தூர் வார காசு எங்கேர்ந்துன்னும் பேசிடு தம்பி. வெட்டத்தான் எல்லாரும் பணம் குடுக்குறான், மழைக்கு முந்தி வாய்ப்பக்கம் தூர் எடுக்க எவனும் குடுக்குறதில்ல. எடுக்கலன்னா மூணு நாலு வருசத்துல பழைய திடலாயிடும்.

பஞ்சாயத்து அண்ணன்: அப்ப கம்பெனிக்காரங்ககிட்ட கன்னு வேண்டாம், அந்தக் காச மூணு வருசத் தூர் வேலைக்குக் குடுங்கன்னு கேக்குறேன். ஆனா கன்னு நட்டாத்தானே அவங்களுக்கு போட்டோ?

நாற்றங்கால் அக்கா: வரட்டும்ணே. வேர்ல சுத்திக் கெடக்குற அறுந்த வலையையும் பிளாஸ்டிக்கையும் எடுக்கச் சொல்லுங்க, அதயும் போட்டோ எடுக்கலாம். மொழங்கால் வரைக்கும் சேறு, செருப்பு வேண்டாம், கட்டுற மாதிரி பழைய கேன்வாஸ் ஷூ போட்டு வரணும். சிப்பி காலக் கிழிச்சிடும்.

கல்லூரித் தம்பி: மாமா, டியூப் லெவல் யார்கிட்ட இருக்கு? சனிக்கிழமை காலையில வத்தத்துக்கு முளைக்குச்சி அடிச்சிடலாம்.

மேஸ்திரி மாமா: என்கிட்ட இருக்கு. சவுக்குக் குச்சி 40 கொண்டா, நைலான் கயிறும். தண்ணி ஏறுறதுக்குள்ள தாய் வாய்க்கா கோடாவது போட்டுடணும்.

கரையோர அத்தை: நானும் வர்றேன். எங்க ஆழம், எங்க மேடுன்னு எங்க காலுக்குத்தான் தெரியும்.