மங்கோலிய மேய்ச்சல் நிலங்களில் குதிரைப் பயணம்: எப்படித் தயாராவது?

மலைச்சாரல் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். வரும் ஜூலையில் நானும் நண்பர்கள் மூவரும் ஏறக்குறைய மூன்று வாரப் பயணமாக மங்கோலியா செல்லத் திட்டமிட்டிருக்கிறோம். உலான்பாத்தரிலிருந்து கார்கோரின் வரை வண்டியில் போய், அங்கிருந்து ஓர்கோன் பள்ளத்தாக்கு வழியாக நைமன் நூர் ஏரிகளுக்குக் குதிரையில் சென்று, காங்காய் மலைத்தொடரைக் கடந்து செத்செர்லெக்கையும் தெர்கீன் சகான் நூர் ஏரியையும் பார்த்துவிட்டு, கடைசியாகக் கோவ்ஸ்கோல் ஏரிக்கு மேற்கே கலைமான் வளர்க்கும் துகா மக்கள் வாழும் காடுவரை போக வேண்டும் என்பது ஆசை.

எங்களில் இருவருக்கு மலையேற்றம் நல்ல பழக்கம். குதிரையில் நெடுந்தூரம் போனவர் யாரும் இல்லை. ஒருவர் சைவ உணவுக்காரர். கூடாரமும் ஸ்லீப்பிங் பேக்கும் கொண்டுசெல்கிறோம். உணவைப் பொறுத்தவரை, நாடோடி மேய்ப்பர்கள் வழிப்போக்கர்களை உபசரிப்பவர்கள் என்று படித்திருப்பதால், வழியில் காணும் கெர் கூடாரங்களில் தங்கிச் சாப்பிட்டுக்கொள்ளலாம், சுமையும் குறையும் என்று எண்ணினோம். இந்தத் திட்டம் நடைமுறைக்கு ஒத்துவருமா? புறப்படுவதற்கு முன் எதைப் பழக வேண்டும், எதைக் கொண்டுபோக வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

வழிப்போக்கன் பதில்:

உங்கள் பாதையில் மூன்று தனிப் பயணங்கள் அடங்கியிருக்கின்றன. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓர்கோன் பள்ளத்தாக்கும் நைமன் நூரும் போதும் என்பது என் கருத்து. எரிமலைக் குழம்பு ஆற்றை மறித்ததால் உண்டான அந்த ஏரிகளுக்குச் செல்லும் வழி பாறையும் சேறுமாக இருப்பதால், பெரும்பாலோர் குதிரையில்தான் போகிறார்கள். முதன்முறையாகச் செல்பவருக்கு அதுவே நிறைவான பயணம். துகா மக்கள் வாழும் தைகா காடு ரஷ்ய எல்லையை ஒட்டியது. அதற்கு எல்லைப்பகுதி அனுமதி தனியாகப் பெற வேண்டும்; சதுப்பு நிலத்தில் பல மணி நேரம் குதிரையை நடத்திச் செல்லவும் வேண்டும். அதை இன்னோர் ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஓரிடத்தில் ஏறி வேறோர் இடத்தில் இறங்கும் பாதையில் இன்னொரு சிக்கலும் உண்டு. குதிரைகள் வழிகாட்டியின் குடும்ப மந்தையைச் சேர்ந்தவை. அவர் அவற்றை ஓட்டிக்கொண்டு வீடு திரும்பும் நாட்களுக்கும் நீங்கள்தான் கூலி தர வேண்டும். தம் பள்ளத்தாக்கைத் தாண்டிவிட்டால் அவருக்கே வழியும் நீர்நிலையும் அவ்வளவாகத் தெரியாது. புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் வட்டப் பாதையாக அமைத்தால் செலவும் குறையும், வழிகாட்டியும் தமக்குத் தெரிந்த மண்ணிலேயே இருப்பார்.

உங்கள் திட்டத்தில் எனக்கு உடன்பாடில்லாத பகுதி உணவுதான். விருந்தோம்பல் உண்மை, யார் வந்தாலும் உப்பிட்ட பால் தேநீரும், ஆரூல் என்னும் உலர்ந்த தயிர்க்கட்டியும் முன்னே வந்துவிடும். ஆனால் அந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 15 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த நாட்டில் ஏறத்தாழ 35 லட்சம் பேர்தான் இருக்கிறார்கள். அவர்களிலும் பாதிப் பேர் தலைநகரில். அத்தகைய நிலத்தில் வழிப்போக்கனைத் திருப்பி அனுப்பினால் அவன் குளிரில் இறந்துபோவான், நாளை அதே நிலை தமக்கும் வரும் என்பதை அறிந்தவர்கள் வளர்த்த அறம் அது. ஆபத்தில் சிக்கியவனுக்கு உரியதை, சுமையைக் குறைக்க விரும்பும் நால்வர் நாள்தோறும் வெவ்வேறு வீட்டில் வாங்கிக்கொள்வது முறையாகாது.

கோடையில் அவர்கள் சேர்க்கும் பால்பொருள்கள் நீண்ட குளிர்காலத்தையும் மனத்தில் வைத்துச் சேர்ப்பவை. 2023-24 குளிர்காலத்தில், மேய்ச்சல் நிலம் பனியில் மூடி இறுகிப்போகும் ட்சுட் என்னும் பேரிடரில் 70 லட்சத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் மடிந்தன. மந்தையையே முதலாகக் கொண்ட குடும்பங்கள் அத்தகைய இழப்பிலிருந்து மீள ஆண்டுகள் ஆகும். ஆகவே உங்கள் நால்வருக்கும் வழிகாட்டிக்குமான முழு உணவையும் உலான்பாத்தரிலேயே வாங்கி, சுமைக்குதிரையில் ஏற்றுங்கள். சோம் என்னும் ஆட்சி வட்டங்களின் மைய ஊர்களில் அரிசி, மாவு, சர்க்கரை, தேயிலை கிடைக்கும். மற்றவற்றை அங்கே எதிர்பார்க்காதீர்கள். அடுப்புக்கான எரிவாயுக் குப்பியை விமானத்தில் கொண்டுபோக முடியாது. அதையும் தலைநகரில் வாங்கிக்கொள்ளலாம்.

கெர்களை நம்பிப் பாதை வகுக்க முடியாததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. சென்ற ஆண்டு ஒருவர் வரைபடத்தில் குறித்துவைத்த கெர் இந்த ஆண்டு அங்கே இருக்க வேண்டும் என்பதில்லை. கோடையில் ஆற்றோரம், குளிர்காலத்தில் காற்றுப் படாத மலைச்சரிவு என்று குடும்பங்கள் பருவத்துக்கேற்ப இடம் மாறும். குளிர்கால முகாமின் தொழுவங்கள் ஜூலையில் ஆளில்லாமல் கிடப்பதைக் காண்பீர்கள். அங்கே அடுக்கியிருக்கும் வரட்டியையும் விறகையும் தொடாதீர்கள். அவை யாரோ ஒருவரின் ஜனவரி மாதத்துக்கானவை.

தொலைபேசி சிக்னல் சோம் மையத்தைச் சுற்றிக் கிடைக்கும், மலைக்குள் போனால் இராது. செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி ஒன்று கட்டாயம் வேண்டும். ஆனால் இந்தியாவிலிருந்து புறப்படுவதானால் அதைக் கையில் கொண்டுபோகாதீர்கள். அனுமதியில்லாமல் அத்தகைய கருவி வைத்திருப்பது இங்கே சட்டப்படி குற்றம். விமான நிலையத்தில் பிடிபட்டவர்கள் இருக்கிறார்கள். உலான்பாத்தரில் வாடகைக்கு எடுத்து, அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பணத்தையும் தலைநகரிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். புழக்கத்தில் உள்ள பெரிய நோட்டே 20,000 துக்ரிக் என்பதால் கட்டு பருமனாகத்தான் இருக்கும். நால்வரும் பிரித்து வைத்துக்கொள்ளலாம்.

பரிமேலழகி பதில்:

வழிப்போக்கன் ஐயா உணவைப் பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். நான் குதிரைகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் பயணம் பாதியில் முறிவது பெரும்பாலும் அங்கேதான்.

மலையேற்றப் பழக்கம் மூச்சுக்கு உதவும். தொடையின் உட்புறத்துக்கும் முழங்காலுக்கும் உதவாது. புறப்படுவதற்குக் குறைந்தது இரண்டு மாதங்களுக்கு முன்பே நால்வரும் குதிரைப் பயிற்சிப் பள்ளியில் சேருங்கள். சவாரிக் கலை முழுவதையும் கற்க வேண்டியதில்லை. இடப்பக்கமாக ஏறி இறங்குவது, குதிரை குறுநடையாக ஓடும்போது, சேணத்திலிருந்து தொங்கும் கால்வளையமான அங்கவடியில் எழுந்து நிற்பது, மிரண்ட குதிரையைக் கடிவாளத்தால் வட்டமாகத் திருப்பி நிறுத்துவது ஆகிய மூன்றும் கைவந்தால் போதும். மங்கோலியக் குதிரை உருவத்தில் சிறியது. அதைக் கண்டு சாதுவானது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஆண்டின் பெரும்பகுதி திறந்த வெளியில் மந்தையோடு திரிந்து, ஓநாய்க்குப் பயந்து வளர்ந்த விலங்கு அது. பழக்கமில்லாத ஓசையும் அசைவும் அதற்கு ஆபத்தின் அடையாளம்.

விபத்துகள் எப்படி நேர்கின்றன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. மழை தூறத் தொடங்குகிறது. சேணத்தில் இருந்தபடியே ஒருவர் பையைத் திறந்து மழைக்கோட்டை உருவி எடுக்கிறார். காற்றில் அது படபடக்கிறது. அடுத்த நொடியில் குதிரை பாய்ந்துவிடும், ஏறியிருப்பவர் தரையில் கிடப்பார். மழைக்கோட்டு அணிய வேண்டுமானால் வழிகாட்டியிடம் சொல்லி, நிறுத்தி, இறங்கி, குதிரையை ஒருவர் பிடித்துக்கொள்ள, சற்றுத் தள்ளிப் போய் அணியுங்கள். பிளாஸ்டிக் பை, தொங்கும் தண்ணீர்க் குவளை, திடீரென்று உயர்த்தும் கேமரா எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

காலணியில் கவனம் தேவை. மலையேற்றக் காலணியின் அகன்ற, பள்ளம் பள்ளமான அடிப்பாகம் அங்கவடியில் சிக்கிக்கொள்ளும். விழுந்தால் கால் விடுபடாமல் குதிரை இழுத்துக்கொண்டு ஓடும். அடி வழவழப்பாகவும் சிறிய குதியோடும் இருக்கும் காலணி நல்லது. சவாரித் தலைக்கவசம் அங்கே கிடைக்கும் என்று நம்பாமல் சொந்தமாகக் கொண்டுபோங்கள். உள்ளூர்ச் சேணம் மரத்தாலானது, முன்னும் பின்னும் உயர்ந்தது. அதன்மேல் கட்டிக்கொள்ள ஆட்டுத்தோலோ தடித்த விரிப்போ வேண்டும். சாமான்களைச் சட்டம் வைத்த முதுகுப்பையில் அல்லாமல், இருபுறமும் ஒரே எடை வரும்படி மெத்தென்ற நீளப் பைகளில் அடைக்க வேண்டும். எடை ஒருபுறம் சாய்ந்தால் சுமைக்குதிரையின் முதுகு ஒரே நாளில் புண்ணாகிவிடும். அந்தக் குதிரை உங்கள் பயணத்துக்குப் பின்னும் அந்தக் குடும்பத்துக்கு உழைக்க வேண்டியது என்பதை மறக்காதீர்கள்.

கால அட்டவணையை இறுக்கமாகப் போடாதீர்கள். இரவில் குதிரைகளுக்குத் தளையிட்டு மேயவிடுவார்கள். தளையோடும் அவை தம் மந்தை இருக்கும் திசைக்கே நகர்ந்துவிடும். காலையில் தேடிப் பிடிக்க அரைநாள் ஆகலாம். மங்கோலியாவின் மழை பெரும்பாலும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையில்தான் பெய்கிறது. நேற்று முழங்காலளவு இருந்த ஆறு இன்று குதிரையின் வயிற்றைத் தொடும். வழிகாட்டி ஆற்றங்கரையில் நின்று தலையசைத்து மறுத்தால், எத்தனை நாள் ஆனாலும் காத்திருப்பதுதான் வழி. ஐந்து நாள் பாதைக்கு இரண்டு நாள் கூடுதலாக ஒதுக்குங்கள்.

இளவேனில் பதில்:

பயண மருத்துவத்தில் பணியாற்றுகிறேன் என்பதால் உடல்நலம் குறித்துச் சில சொற்கள்.

ரேபிஸ் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கெர்ரிலும் காவல் நாய் உண்டு. அருகில் போகும்போது தொலைவிலேயே நின்று, ‘நொகோய் கோர்’ (நாயைப் பிடியுங்கள்) என்று உரக்கச் சொல்லி, நாயைப் பிடிக்க ஆள் வரும்வரை குதிரையிலிருந்து இறங்காமல் இருப்பது அங்கத்திய வழக்கம். கடிபட்டால் சோப்பும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுங்கள். முன்பே ஊசி போட்டவருக்கும் கடிக்குப் பின் கூடுதல் ஊசி தேவைதான். ஆனால் இம்யூனோகுளோபுலின் என்னும் ஆயத்த எதிர்ப்புப்பொருள் ஊசி தேவைப்படாது. தொலைதூரத்தில் கிடைக்காத மருந்து அதுதான்.

ஓடை நீர் கண்ணாடிபோல் தெளிந்திருந்தாலும் மேலே மந்தை நிற்கும். கொதிக்கவைத்துக் குடியுங்கள், 2,000 மீட்டருக்கு மேல் 3 நிமிடம் கொதிக்க வேண்டும். பால் தேநீர் காய்ச்சியது என்பதால் கவலையில்லை. காய்ச்சாத பாலில், கால்நடைகளிலிருந்து பரவும் புரூசெல்லோசிஸ் என்னும் காய்ச்சல் நோயின் அபாயம் உண்டு. ஐராக் என்னும் புளித்த குதிரைப்பாலும் காய்ச்சாததே. பழக்கமில்லாத வயிற்றுக்கு அது பேதியும் தரும். கிண்ணத்தை வலக்கையில் வாங்கி, உதட்டில் தொட்டுத் திருப்பிக் கொடுத்தால் யாரும் குறையாக எண்ண மாட்டார்கள். மார்மட் என்னும் பெரிய அணில் வகை விலங்கைத் தொடவும் கூடாது, அதன் இறைச்சியை உண்ணவும் கூடாது. பிளேக் நோய் இன்றும் அதன் வழியாக மனிதருக்குப் பரவுகிறது. வடக்கே காட்டுப் பகுதிக்குப் போனால் உண்ணிகளுக்காக மாலைதோறும் உடலைச் சோதித்துப் பாருங்கள்.

ஆம்புலன்ஸ் எண் 103. ஆனால் மலைக்குள்ளிருந்து அந்த எண்ணை அழைக்கவும் முடியாது, வண்டி வரவும் முடியாது. கடுமையான காயமானால் உலான்பாத்தருக்கும், தேவைப்பட்டால் அங்கிருந்து தென்கொரியாவின் சியோல் போன்ற வெளிநாட்டு நகருக்கும் கொண்டுபோக வேண்டிவரும். அந்தச் செலவைத் தனிமனிதர் தாங்க இயலாது. காப்பீட்டு ஆவணத்தில் குதிரைச் சவாரி விலக்கப்பட்டிருக்கிறதா என்று வரிவரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். பல திட்டங்களில் அது விலக்கப்பட்டிருக்கும்.

மலைச்சாரல் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கோவ்ஸ்கோலையும் செத்செர்லெக்கையும் கைவிட்டு, ஓர்கோன் – நைமன் நூர் வட்டப் பாதையை மட்டும் வைத்துக்கொள்வதாக முடிவு செய்துவிட்டோம். சவாரிப் பள்ளியில் அடுத்த வாரம் சேர்கிறோம். இரண்டு ஐயங்கள் மீதமிருக்கின்றன. சைவ உணவுக்கார நண்பர் என்ன செய்வது? ஒரு குடும்பம் நம்மைத் தானாகவே உள்ளே அழைத்தால் என்ன கொடுப்பது, எப்படி நடந்துகொள்வது?

வழிப்போக்கன் பதில்:

நண்பர் பருப்பு, அரிசி, பொடி வகைகளைத் தமக்கென்று எடுத்துவரட்டும். அங்கத்திய உணவு இறைச்சியும் பாலும்தான், காய்கறி அரிது. கோடையில் பால்பொருள்கள் நிறைய இருப்பதால் கெர்ரில் அவர் வெறுங்கையோடு உட்கார நேராது. வழிகாட்டியிடம் முதலிலேயே சொல்லிவைத்தால் அவரே வீட்டாரிடம் விளக்கிவிடுவார்.

உள்ளே போகும்போது வாசற்படியை மிதிக்காமல் கடந்து, இடப்பக்கமாகச் செல்லுங்கள்; விருந்தினர் பகுதி அதுதான். நடுவில் நிற்கும் இரு தூண்களுக்கு இடையே நடப்பதோ அவற்றில் சாய்வதோ கூடாது. அடுப்பு நெருப்பில் குப்பையைப் போடக்கூடாது, அதன் பக்கம் காலை நீட்டவும் கூடாது. குதிரை பிடிக்கும் நீண்ட சுருக்குக் கோல் தரையில் கிடந்தால் தாண்டாமல் சுற்றிப் போங்கள்.

கொடுப்பதற்கு நல்ல தேயிலை, அரிசி, மாவு, சூரிய ஒளியில் இயங்கும் விளக்கு, தையல் ஊசியும் நூலும் என்று வீட்டுக்கு உதவுபவை சிறந்தவை. குழந்தைகளுக்கு மிட்டாய் வாரி வழங்காதீர்கள்; பல் மருத்துவர் வெகுதொலைவில் இருக்கிறார். இரவு தங்கினால் பணம் கொடுப்பதில் தயக்கம் வேண்டாம், வழிகாட்டியிடம் கேட்டு உரிய தொகையைக் கொடுங்கள். கெர்ரின் சூரியத் தகட்டில் உங்கள் தொலைபேசிகளைச் செருகாமல் சொந்த மின்சேமிப்பானைப் பயன்படுத்துங்கள். அது அவர்களின் இரவு விளக்குக்கும் தொலைபேசிக்கும் உரிய மின்சாரம். கேமராவை எடுக்கும் முன், கறவையில் கொஞ்சம் கைகொடுங்கள் அல்லது தண்ணீர் சுமந்து வாருங்கள். கோடையில் பெண்குதிரைகளைப் பகல் முழுவதும் சில மணிக்கொரு முறை கறக்கிறார்கள். நீங்கள் போகும் நேரம் அவர்களுக்கு ஆண்டின் மிகவும் வேலை மிகுந்த நேரம்.

நாளைப் பொறுத்தும் ஒன்று சொல்ல வேண்டும். ஜூலை 11 முதல் 13 வரை நாதாம் விழா. அப்போது குதிரைப் பந்தயம், மல்யுத்தம், வில்வித்தை என்று ஊரே திரண்டிருக்கும். சோம்களின் விழாக்கள் அதையொட்டி முன்னும் பின்னும் நடக்கும். நல்ல குதிரைகளும் குதிரைக்காரர்களும் அங்கேதான் இருப்பார்கள். ஆகவே வழிகாட்டி எந்த நாளில் தம் குதிரைகளோடு வர முடியும் என்று எழுத்தில் உறுதி செய்த பிறகே விமானச்சீட்டு வாங்குங்கள்.