டிக்கெட் இருந்தும் ஏஎஃப்எஸ் கோப்புறை திறக்கவில்லை

பீளமேடு ஆய்வு மாணவன்:
வணக்கம். எங்கள் ஆய்வகத்து உபுண்டுக் கணினியில் ஓபன்ஏஎஃப்எஸ் கிளையன்ட் உள்ளது (ஏஎஃப்எஸ் என்பது நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிரும் அமைப்பு). கெர்பரோஸ் என்னும் அடையாளச் சரிபார்ப்பு முறையில் டிக்கெட் வாங்கும் ‘கேஇனிட்’ (kinit) கட்டளை கடவுச்சொல்லை ஏற்கிறது. ‘கேலிஸ்ட்’ கொடுத்தால் டிக்கெட்டும் தெரிகிறது. ஆனாலும் என் சொந்தக் கோப்புறையிலேயே ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்று வருகிறது. பம்பு இம்பெல்லருக்குள் நீர் பாயும் விதத்தைக் கணிக்கும் வேலையை இரவு முழுவதும் ஓடவிட வேண்டியிருக்கிறது. அதற்கும் வழி சொல்லுங்கள்.

ஈரோடு சிஸ்டம் அட்மின்:
தம்பி, கெர்பரோஸ் டிக்கெட் வேறு, ஏஎஃப்எஸ் டோக்கன் வேறு. சர்வரிலிருந்து கோப்புகளைக் கொண்டுவரும் கேச் மேனேஜர், இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் இருக்கிறது. உங்கள் டிக்கெட்டை அது தானாகத் தேடி எடுத்துக்கொள்வதில்லை. ‘ஏகேலாக்’ (aklog) கட்டளைதான் அந்த டிக்கெட்டைக் காட்டி, உங்கள் செல்லுக்கான (உங்கள் நிறுவனத்தின் ஏஎஃப்எஸ் பகுதிக்கான) சேவை டிக்கெட்டை வாங்கி, அதை டோக்கனாகக் கெர்னலிடம் ஒப்படைக்கிறது. ஆகவே கேஇனிட் முடிந்ததும் ஏகேலாக் கொடுத்துவிட்டு, ‘டோக்கன்ஸ்’ கட்டளையில் செல்லின் பெயரும் காலாவதி நேரமும் வருகின்றனவா என்று பாருங்கள். டோக்கன் இருந்தும் மறுத்தால் ‘எஃப்எஸ் லிஸ்ட்ஏசிஎல்’ கொடுத்து அனுமதிப் பட்டியலைப் பாருங்கள். சிஎச்மோட் 777 போட்டு எல்லோருக்கும் அனுமதி கொடுத்தாலும் அந்தப் பட்டியலில் இடமில்லாதவருக்குக் கதவு திறக்காது.

பீளமேடு ஆய்வு மாணவன்:
மிக்க நன்றி அண்ணா, ஏகேலாக் கொடுத்ததும் திறந்துவிட்டது. ஆனால் தொலைவிலிருந்து நுழைந்த எஸ்எஸ்எச் இணைப்பை மூடியபின், இணைப்பு போனாலும் ஓடட்டும் என்று நோஹப்பில் விட்ட வேலை கோப்பில் எழுத முடியாமல் நின்றுவிடுகிறது.

திருப்பூர் லினக்ஸ் பயனர்:
பல இடங்களில் உள்நுழையும்போதே, உள்நுழைவைச் சரிபார்க்கும் பாம் (PAM) தொகுதி ஒவ்வோர் அமர்வுக்கும் பிஏஜி என்னும் தனிச் செயல்முறைக் குழுவை உருவாக்கி, டோக்கனை அதோடு கட்டிவைக்கிறது. அமர்வு முடிந்ததும் டோக்கனையும் நீக்கிவிடுகிறது. நோஹப் செயல்முறையைக் காக்குமே தவிர டோக்கனைக் காக்காது. நீட்டிக்கத்தக்க டிக்கெட்டைக் ‘கேஇனிட் -ஆர் 7டி’ (kinit -r 7d) என்று வாங்கி, வேலையைக் ‘கேரென்யூ -டி’ (krenew -t) வழியாகத் தொடங்குங்கள். அது வேலைக்கெனத் தனி பிஏஜியும் டிக்கெட்டின் நகலும் வைத்துக்கொண்டு, நீட்டிக்கும்போதெல்லாம் ஏகேலாக்கையும் ஓட்டும். 7 நாள் கேட்டாலும் சர்வர் அனுமதிக்கும் அளவே கிடைக்கும் என்பதால், கேலிஸ்டில் அந்தக் கெடுவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈரோடு சிஸ்டம் அட்மின்:
குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கும் கிரானில் தினமும் ஓடும் வேலையென்றால், கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கணக்கின் சாவியை வைத்திருக்கும் கீடேப் கோப்போடு ‘கே5ஸ்டார்ட்’ (k5start) பயன்படுத்துவதே சரி. அதற்கு உங்கள் சொந்தக் கணக்கைக் கொடுக்காதீர்கள். தனிக் கணக்கு ஒன்று கேட்டு வாங்கி, முடிவுகள் சேரும் கோப்புறைக்கு மட்டும் எழுதும் உரிமை கொடுங்கள். கீடேப்பைக் கணினியின் சொந்த வட்டில், வேறு யாரும் படிக்க முடியாதபடி 600 அனுமதியோடு வையுங்கள். ஏஎஃப்எஸ்ஸுக்குள் பூட்டி வைத்தால், அதைப் படிக்கவே முதலில் டோக்கன் வேண்டியிருக்கும்.